பர்னோவில் ஒரு மொழி பயின்றோம்

காங்கேயம் என்றதும் அன்பர்களின் நினைவில் முதலில் வந்து நிற்பது காளை. அடுத்து, கொப்பரை காயும் களங்களும் தேங்காயெண்ணெய் மணமும். அவ்வூரிற் பிறந்து வளர்ந்த நாம், பிழைப்பின் பொருட்டு 2016ஆம் ஆண்டில் செக் நாட்டின் இரண்டாம் பெருநகரான பர்னோவில் குடியேறினோம். செக் மொழி கற்கப் புகுந்துள்ளோம் என்று தொலைபேசியில் தெரிவித்தபோது, எண்ணெய் ஆலை வைத்திருக்கும் மாமு ஒருவர், “செக்குக்குக்கூடத் தனியா ஒரு பாஷை இருக்குதா மாப்ளே?” என்று கேட்டார். களத்திலிருந்தவர்கள் சிரித்த சிரிப்பு நம் காதுக்கும் எட்டியது.

வேடிக்கை அவ்வளவே. மொழியோ வேடிக்கையன்று. ஊரின் பெயரை அவர்கள் எழுதும்போது முதல் மூன்றெழுத்திலும் உயிரெழுத்தே கிடையாது. உயிரின்றி மெய் தனித்தியங்காது என்று படித்து வளர்ந்த நமக்கு அவர்கள் ஒரு முழு வாக்கியத்தையே சொல்லிக்காட்டி மகிழ்வார்கள்: “ஸ்ட்ர்ச் ப்ர்ஸ்ட் ஸ்க்ர்ஸ் க்ர்க்.” தொண்டைக்குள் விரலை விடு என்பது பொருள். அதனைச் சொல்லி முடித்தபின் விரலை விட வேண்டிய தேவை இராது! ரகரத்தையும் ஷகரத்தையும் ஒரே மூச்சிற் பிணைத்தாற்போன்ற ஓர் ஒலியும் உண்டு. நம் பிள்ளைகள் வாழைப்பழத்தை ‘வாளப்பளம்’ என்பது போலவே செக் நாட்டுப் பிள்ளைகளும் அவ்வொலியில் இடறுவர். அதற்கென்றே பேச்சுப் பயிற்சியாளரிடம் அழைத்துச் செல்லும் பெற்றோர் பலர்.

ஆனால் இலக்கண வகுப்பில் நமக்கு ஓர் இன்ப அதிர்ச்சி காத்திருந்தது. வெளிநாட்டாருக்கான மாலை வகுப்பு அது. உக்ரைன் நாட்டவர்கள் தம் மொழியும் அதே குடும்பத்தினது என்பதால் விரைந்து முன்னேறினர். வியட்நாமியரும் நாமும் பின்வரிசையில் அமர்ந்திருந்தோம். ஆசிரியை, பெயர்ச்சொல் ஏழு வேற்றுமைகளில் உருமாறும் என்று கரும்பலகையில் எழுதியதும் வகுப்பில் பெருமூச்சு எழுந்தது. நாமோ நிமிர்ந்து உட்கார்ந்தோம். ஏழென்ன, எட்டு வேற்றுமைகளைப் பள்ளியில் மனனம் செய்தவர்களல்லவா நாம்! அவர்களுக்கும் விளி வேற்றுமை உண்டு. நமக்கு எட்டாவது, அவர்களுக்கு ஐந்தாவது. மருத்துவரை அவர்கள் ‘டொக்டொர்’ என்பர். விளிக்கும்போது ‘டொக்டொரே’ என்பர். நாம் ‘டாக்டரே’ என்பதற்கும் அதற்கும் என்ன வேறுபாடு? தொடர்பில்லாத இரு மொழிகள் ஏகாரத்தில் வந்து கைகுலுக்குவதைக் கண்டபோது, அந்நிய நாட்டில் உறவினர் ஒருவரைச் சந்தித்தாற்போன்றதொரு மகிழ்ச்சி.

இவ்வழியே எதிர்த்திசையில் நடந்த பெரியார் ஒருவரை இங்கே நினைவுகூர்தல் தகும். 1927இல் பிராக் நகரிற் பிறந்த கமில் சுவலபில் தமிழ் பயின்று, அங்குள்ள சார்லஸ் பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்பித்தார். சிலப்பதிகாரத்தைச் செக் மொழியிற் பெயர்த்தார். 1968இல் சோவியத் படைகள் புகுந்தபின் தாயகத்தை விட்டு நீங்கி, அமெரிக்காவிலும் ஆலந்திலும் பணியாற்றி, 2009இல் மறைந்தார். நீலகிரிச் சரிவுகளில் வாழும் இருளர் மொழியை ஆராய்ந்து நூலெழுதியவரும் அவரே. நம் கொங்கு மலைச்சாரலின் சொற்களைத் தேடி அங்கிருந்து ஒருவர் வந்திருக்க, கடையில் ரொட்டி கேட்கும் அளவிற்கேனும் அவர் மொழியை நாம் கற்கலாகாதா என்று எண்ணிக்கொள்வோம்.

அந்நாட்டின் பொருள்கள் நமக்குப் புதியவையுமல்ல. நம் அத்தா இளமையில் ஓட்டிய ஜாவா மோட்டார் சைக்கிள் செக் நாட்டில் தோன்றியது. மைசூரில் 1961 முதல் செய்யப்பட்டது. பள்ளி திறக்கும் மாதத்தில் நமக்கு வாங்கித் தந்த பாட்டா செருப்போ, 1894இல் பர்னோவிற்குக் கிழக்கேயுள்ள ஸ்லீன் என்னும் ஊரில் தொடங்கப்பெற்ற நிறுவனத்தினுடையது. அவர்கள் அதனைப் ‘பாத்யா’ என்று மென்மையாக உச்சரிக்கின்றனர். இத்தனை காலம் அது நம் நாட்டுச் சரக்கென்றே நம்பியிருந்த அத்தாவுக்கு இதில் சற்று வருத்தந்தான்.

அன்றாட வாழ்வில் இன்பங்கள் பல. கடைக்குள் நுழைந்தாலும், மருத்துவர் வீட்டில் காத்திருக்கும் அறைக்குள் நுழைந்தாலும், முன்பின் அறியாதவருக்கும் “தொப்ரீ தென்” என்று வணக்கம் கூறவேண்டும். வீட்டு வாயிலில் காலணியைக் கழற்றுகிறார்கள். இவ்வொரு பழக்கத்திற்காகவே நம் இல்லத்தார் அந்நாட்டாரைப் பெரிதும் மெச்சினார். டிராம் வண்டியைப் பர்னோக்காரர்கள் ‘ஷாலினா’ என்பர். பிராக் நகரத்தார் அச்சொல்லைக் கேட்டு நகைப்பர். நவம்பர் மாதத்தின் பெயர் ‘லிஸ்டோபத்’, அதாவது இலையுதிர்வு. பியர் அருந்துவதில் உலகிலேயே முன்னிற்கும் நாடு. நாம் எலுமிச்சைச் சாற்றுடன் அமர்ந்திருந்தால் எவரும் வற்புறுத்துவதில்லை, இரங்குவதோடு சரி. பொரித்த பாலாடைக்கட்டி எங்கும் கிடைப்பதால் உணவகங்களில் பட்டினியுமில்லை. 1998இல் திறக்கப்பெற்ற, அந்நாட்டின் முதற்பள்ளிவாசல் பர்னோவில்தான் இருக்கிறது. மினாரா இல்லாத எளிய கட்டடம். நாம் சென்ற ஆண்டு நோன்பு ஜூன் மாதத்தில் வந்தது; இரவு ஒன்பது மணிக்குத்தான் கதிரவன் மறைந்தான். நோன்புக் கஞ்சிக்கு ஏங்கிய அந்த மாலைகளின் நீளம் இன்னும் நினைவிலுள்ளது.

பெயரைப் பற்றியும் சொல்லவேண்டும். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தந்தை பெயரே பின்னால் நிற்கும். அவர்களோ பெண்ணின் குடும்பப் பெயரோடு ‘ஓவா’ சேர்ப்பது வழக்கம். அண்டை வீட்டார் அன்பு மிகுந்து நம் இல்லத்தார் பெயரிலும் அதனைச் சேர்த்துவிட, மாமனார் பெண்பாலாகி நின்றார்!

நிரந்தர வதிவுரிமைக்குச் செக் மொழித் தேர்வு கட்டாயம். 2021 செப்டம்பரிலிருந்து அதன் தரத்தையும் ஒரு படி உயர்த்திவிட்டனர். படித்தல், கேட்டல், எழுதுதல், பேசுதல் என நான்கிலும் 2022இல் தேறினோம். செய்தியை ஊருக்குச் சொன்னதும் அத்தா சற்றுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “அப்ப அங்கயே இருந்துக்கறதுன்னு ஆயிப்போச்சா கண்ணு?” என்று கேட்டார். தேர்வில் எழுந்த எந்த வினாவும் அவ்வளவு கடினமாயிருக்கவில்லை. இல்லையென்றும் சொல்லமுடியவில்லை, ஆமென்றும் சொல்லமுடியவில்லை. தம்பி களத்தைப் பார்த்துக்கொள்கிறான். எனினும் களத்து வாசலில் நாற்காலி போட்டு அமர்ந்திருப்பவர் எதிர்பார்ப்பது மூத்த மகனை.

பர்னோவிற் பிறந்த மகளுக்கோ அந்த ரகர ஷகர ஒலி தேன்போல வருகிறது. பள்ளி வாசலில் ஒருநாள் நம் கையைப் பற்றியிழுத்து, “அத்தா, எங்க டீச்சர் முன்னாடி எங்கிட்டச் செக்குல பேசாதீங்க. தமிழ்லயே பேசுங்க” என்றாள். நம் உச்சரிப்பு அவளுக்கு நாணம் தருகிறதாம். ஆண்டுக்கணக்காய்ப் பாடுபட்டதன் பயன் இதுவா என்று ஒரு கணம் மனம் வாடியது. மறுகணமே, தமிழ் பேசும்படி மகளே கட்டளையிடுகிறாளே, இதைவிட வேறென்ன வேண்டும் என்று தேறினோம். அன்றுதொட்டுப் பள்ளி வாசலில் காங்கேயத்துத் தமிழே ஒலிக்கிறது.

அடுத்த வீட்டு மூதாட்டி நமக்கு நெருங்கியவர். நம் ‘நீ’, ‘நீங்கள்’ போலவே அவர்களிடமும் ‘தி’, ‘வி’ உண்டு. மூத்தவரே முன்வந்து ‘தி’ என்றழைக்க இசைவு தரவேண்டும். அவர் மூன்றாம் ஆண்டில் அவ்விசைவைத் தந்தார். ஆனால் சிறுவரையும் ‘வாங்க, போங்க’ என்றழைக்கும் கொங்கு நாட்டு நாக்கு, தாயொத்த ஒருவரை ‘நீ’ எனச் சொல்ல மறுத்துவிட்டது. அவர் நம்மை ‘தி’ என்கிறார். நாம் அவரை ‘வி’ என்கிறோம்.

அண்மையில் ஒரு ஞாயிறன்று அம்மூதாட்டி கறுப்புப் பூரணம் வைத்த ரொட்டி கொண்டுவந்திருந்தார். அப்போது காங்கேயத்திலிருந்து அம்மா தொலைபேசியில், முகம் தெரியும்படி அழைத்தார். உள்ளே என்ன இருக்கிறதென்று பேத்தியை அவர் வினவ, அவளோ “மாக், நன்னிமா, மாக்” என்றாள். தமிழில் சொல்லம்மா என்றோம். சொல் வரவில்லை; கண் கலங்கியது. நம் இல்லத்தார் அடுக்களைக்குச் சென்று டப்பாவை எடுத்துவந்து திறந்து காட்டினார். “அட, நம்ம கசகசா!” என்றார் அம்மா. மகள் அச்சொல்லை இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். உடனே அம்மா, அரைக்கும்போது தேங்காய் சேர்ப்பார்களா என்று மூதாட்டியிடம் கேட்கச் சொன்னார். மகள் கேட்டு, திரும்பி, “இல்லையாம் நன்னிமா, கசகசாவோட பாலும் சர்க்கரையும் மட்டுந்தானாம்” என்றாள்.