துண்டு போட்ட எட்டு சீட்

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன் மக்களே. 2019, சென்னை, முதல் வேலை. தாத்தாவை ஆஸ்பத்திரியில சேர்த்திருக்குன்னு ஊர்லேர்ந்து அம்மா போன். மேனேஜர் நல்ல மனுஷர். "உன் சொந்தப் பொட்டியில விபிஎன் போட்டுக்கிட்டு கிளம்புப்பா, அங்கேருந்தே ஆணி புடுங்கு"ன்னுட்டார்.

ராத்திரி பத்தரைக்கு பஸ். எட்டு மணிக்கு இன்ஸ்டாலரைத் தட்டினேன். கடைசி வரைக்கும் ஓடி, ஏதோ எரர் நம்பரைக் காட்டிட்டு வந்த வழியே திரும்பிடுச்சு. மூணு தடவை. அவ்வ்வ்...

கூகுளாண்டவரிடம் கேட்டதில் விஷயம் புரிந்தது. நெட்வொர்க் போக்குவரத்துக்கு நடுவில் உட்காரும் ஃபில்டர் டிரைவர்களுக்கு விண்டோஸ் 7-ல் வழக்கமாக 8 இடம்தான். காலேஜில் ஆசைப்பட்டுப் போட்ட விர்ச்சுவல் மெஷின், பாக்கெட் பிடிக்கிற கருவி, ரெண்டு ஃபயர்வால், இத்யாதி எல்லாம் ஏற்கனவே துண்டு போட்டு உட்கார்ந்திருந்தன. புதுசா வந்த விபிஎன்னுக்கு சீட் இல்லை. அதை நேரா சொன்னா என்னவாம்!

ஒவ்வொண்ணா கழட்ட நேரமில்லை. ரெஜிஸ்ட்ரியில் 'மேக்ஸ்நம்ஃபில்டர்ஸ்'னு ஒரு மதிப்பு இருக்கு. அதில் 8-ஐ 14 ஆக்கினேன், அதுதான் உச்சவரம்பு. ரீஸ்டார்ட். இன்ஸ்டாலர் சமர்த்தா முடிஞ்சுது. பஸ்ஸையும் பிடிச்சிட்டேன்.

அடுத்த ஒன்பது நாளும் தாத்தா கட்டில் பக்கத்துலதான் ஆபீஸ். "என்னடா எப்பப் பார்த்தாலும் தட்டிக்கிட்டே இருக்க?"ம்பார். பத்தாவது நாள் கேட்க அவர் இல்லை.

திரும்பி வந்து பழைய சாமானையெல்லாம் கழட்டினேன். 2020 ஜனவரியோட விண்டோஸ் 7-க்கும் ஆதரவு நின்னுபோச்சு. ஆனா இப்பவும் ஏதாவது இன்ஸ்டாலர் பாதியில திரும்பினா, அந்தக் குரல்தான் முதல்ல கேக்குது.