மில் ஊரிலா, கோயில் ஊரிலா வீடு பார்ப்பது?

சென்னையிலிருந்து பொதிகை எக்ஸ்பிரஸில் தென்காசிப் பக்கம் வருகிறவர்களுக்கு விருதுநகர் தாண்டியதும் மேற்கே மலை தெரிய ஆரம்பித்துவிடும். சிவகாசி, அடுத்து ஸ்ரீவில்லிபுத்தூர், அதற்கடுத்து ராஜபாளையம். பின்னிரண்டு ஊருக்கும் நடுவே சுமார் 12 கிலோமீட்டர்தான். ஒரே மாவட்டம், ஒரே மலையடிவாரம், ஒரே நெடுஞ்சாலை. ஆனாலும் சம்பந்தி வீட்டுக்காரர்கள் மாதிரி, பேச்சில் மரியாதை குறையாமல் ஒருவருக்கொருவர் விட்டுக் கொடுக்கவும் மாட்டார்கள். "எங்க ஊர்ல ஆண்டாள் பொறந்தா" என்பார்கள் ஒரு பக்கம். "எங்க ஊர்ல வந்தவனுக்கு வேலை உண்டு" என்பார்கள் மறுபக்கம். இரண்டுமே நிஜம்!

ராஜபாளையத்தில் 1936-ல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா நூற்பாலை தொடங்கியதிலிருந்து அது மில் ஊர். ஸ்ரீவில்லிபுத்தூரோ கோயில் ஊர் மட்டுமல்ல, கோர்ட் ஊரும்கூட. மாவட்டத் தலைநகர் விருதுநகரானாலும் மாவட்ட நீதிமன்றம் இருப்பது இங்கேதான். வடக்கே கிருஷ்ணன்கோவிலில் 1984-ல் கல்லூரியாக ஆரம்பித்துப் பல்கலைக்கழகமான கலசலிங்கம் இருக்கிறது. ஆகவே மில்லுக்கு, கோர்ட்டுக்கு, பாங்குக்கு, கல்லூரிக்கு என்று மாற்றலாகி வரும் குடும்பங்களுக்குப் பஞ்சமே இல்லை. வந்து இறங்கியதும் எல்லாருக்கும் ஒரே கேள்விதான்: எந்த ஊரில், எந்தப் பக்கம் வீடு பார்ப்பது?

என் ஓரகத்தி மகளுக்காக நாலு நாள் இந்த இரண்டு ஊரையும் சுற்றினேன். அவள் கணவருக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் குமாஸ்தா வேலை. அவளுக்கு ராஜபாளையத்தில் ஒரு மில் ஆபீஸில் கணக்கு எழுதும் வேலை. நாலு வயதுப் பையன். இழுப்பு உள்ள மாமியார். வாடகைக்கு மாதம் 6,000 ரூபாய்க்கு மேல் முடியாது. அட்வான்ஸுக்கு மட்டும் அவள் கையில் இருந்தது ஒரு ஜோடி வளையல். அதை அடகு வைக்காமல் வீடு பிடிக்க வேண்டும் என்பதுதான் அவள் வைராக்கியம். இப்படிப்பட்ட நிலைமையில் எத்தனை சகோதரிகள் இருக்கிறார்கள் என்று நினைத்துத்தான் பார்த்ததை எழுதுகிறேன்.

முதலில் ராஜபாளையம். 2011 கணக்கெடுப்பில் ஜனத்தொகை 1,30,000-ஐத் தாண்டிய ஊர். பழையபாளையம், புதுப்பாளையம் என்று பெயரிலேயே பழசும் புதுசும் உண்டு. ஆனால் 'புது'ப்பாளையமும் இப்போது பழசுதான்! ராஜுக்கள் ஆந்திர தேசத்திலிருந்து வந்து குடியேறிய ஊராகையால், தெருவில் நடந்தால் காதில் தெலுங்கு விழும். கடைத்தெரு, காய்கறி, பள்ளிக்கூடம், டாக்டர் எல்லாம் நடக்கிற தூரம். வீடுகள் பெரும்பாலும் காம்பவுண்டுக்குள் வரிசையாக இருக்கும். இதை இங்கே 'வளவு' என்பார்கள். ஒரு வளவில் நாலைந்து குடித்தனம், நடுவில் பொதுக் குழாய். குழந்தையை ஒரு நிமிஷம் பார்த்துக் கொள்ள ஆள் இருக்கும். ரகசியம் மட்டும் இருக்காது.

பழைய தெருக்களில் வீடு கேட்கப் போனால் வாடகையைச் சொல்லுமுன் ஒரு கேள்வி வரும். "நீங்க என்ன ஆளுக தாயி?" குரல் என்னமோ அன்பாகத்தான் இருக்கும். சாதி கேட்கிறார்கள், சைவமா அசைவமா என்று கேட்கிறார்கள், தனியாக இருக்கும் பெண் என்றால் "கூட யாரு இருப்பா?" என்றும் கேட்கிறார்கள். இரண்டு ஊரிலுமே இது உண்டு. பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கு எதிரே நின்றுகொண்டு "வீடு காலியில்லை" என்ற பதிலைக் கேட்பது எவ்வளவு கசப்பு என்பது கேட்டவர்களுக்குத்தான் தெரியும். வெளியூரிலிருந்து மாற்றலாகி வந்தவர்கள் நிறைய வசிக்கும் புதிய நகர்களில் இந்த விசாரணை குறைவு. வாடகை கொஞ்சம் கூடினாலும் அதற்காகவே அங்கே போகிறவர்களைப் பார்த்தேன். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சத்திரப்பட்டி ரோட்டில் கிழக்கே போகப் போக வாடகை இறங்குகிறது. நல்ல காற்றோட்டமான இரண்டு அறை வீட்டுக்கு 4,500 சொன்னார்கள். ஓரகத்தி மகள் என் கையைக் கிள்ளினாள், 'பேசி முடி சித்தி' என்பதுபோல. அதற்குள் பக்கத்துச் சுவரிலிருந்து 'டடக் டடக்' என்று ஆரம்பித்தது சத்தம். விசைத்தறி! சத்திரப்பட்டி, ஆஸ்பத்திரிகளில் காயத்துக்குக் கட்டும் பாண்டேஜ் துணிக்குப் பேர் போன ஊர். நாம் எங்கேயோ பிரசவத்துக்குப் போய்ப் படுத்திருக்கும்போது பார்க்கும் காஸ் துணி இந்தத் தறியில் ஓடியதாகக்கூட இருக்கலாம். பெருமைப்பட வேண்டிய தொழில்தான், சந்தேகமில்லை. ஆனால் ஒட்டின சுவரில் தறி ஓடினால் கைக்குழந்தைக்கும் இரவு ஷிப்ட் முடித்து வந்து பகலில் தூங்குகிறவர்களுக்கும் கஷ்டம். பஞ்சுத் தூசி இழுப்பு உள்ளவர்களுக்கு ஆகவே ஆகாது. பஞ்சாலையில் வேலை செய்கிறவர்களுக்குப் பஞ்சுத் தூசியால் வரும் நெஞ்சு நோய் ஒன்று உண்டு. வார லீவு முடிந்து வேலைக்குப் போகும் முதல் நாளில்தான் நெஞ்சு இறுக்கம் அதிகமாகத் தெரியும் என்பது அதன் அடையாளம். வீட்டில் யாருக்காவது அப்படி இருந்தால் சளி என்று விட்டுவிடாமல் டாக்டரிடம் மில் வேலையையும் சேர்த்துச் சொல்லுங்கள். எப்படியிருந்தாலும் தறி உள்ள பகுதியில் வீடு பார்ப்பதானால் ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள். தறி நிற்கும் நாளில் எல்லா வீடும் அமைதியாகத்தான் இருக்கும்.

மேற்கே முடங்கியாறு ரோடு கதையே வேறு. அய்யனார் கோயில் ஆறு, ஆறாவது மைல் நீர்த்தேக்கம் எல்லாம் அந்தப் பக்கம். மாந்தோப்பும் தென்னந்தோப்பும் சூழ்ந்த ரோடு. கோடையில் அந்த வழியே போனால் சப்பட்டை மாம்பழ வாசனைக்கே வீடு பிடித்துவிடலாம் போலிருக்கும். ஆனி, ஆடியில் மலைச் சாரல் காற்று சில்லென்று இறங்கும். அதே காற்று மேற்கு வாசல் கதவைப் படார் படாரென்று அடிக்கும், அடுப்பை அணைக்கும், காயப்போட்ட துணியைத் தோப்புக்குள் கொண்டு போய்ச் சேர்க்கும். அங்கே மாடி வீட்டுக்கு 7,500 கேட்டார்கள். அதை விட்டு இன்னும் மலைப்பக்கம் தள்ளிப் போனால் வாடகை மலிவு. ஆனால் அது காட்டின் வாசல். சாம்பல் நிற அணில் சரணாலயமாக 1988-ல் அறிவிக்கப்பட்ட காடு, 2021-ல் மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகமாகிவிட்டது. மலையடிவாரத் தோப்புகளுக்கு யானை இறங்குவது உண்டு. அந்தி சாய்ந்தபின் பஸ் இறங்கித் தனியாக நடக்கவேண்டிய வீட்டை, வாடகை பாதியானாலும் வேண்டாமென்றுதான் சொல்வேன்.

தெற்கே சேத்தூர், செட்டியார்பட்டி, தளவாய்புரம் பக்கமும் பார்க்கலாம். தளவாய்புரத்தில் நைட்டி தைக்கும் தொழில் பெரிசு. தையல் தெரிந்தவர்களுக்கு வீட்டிலிருந்தபடியே வருமானத்துக்கு வழியுண்டு. எங்களுக்கோ அது ஸ்ரீவில்லிபுத்தூருக்கு நேர் எதிர்த் திசையாகப் போயிற்று.

ஸ்ரீவில்லிபுத்தூர் சின்ன ஊர். 2011-ல் சுமார் 75,000 பேர். பஸ்ஸை விட்டு இறங்கினால் கோபுரம் கண்ணில் படாத இடமே இல்லை, 11 நிலை அல்லவா! 1875-லிருந்து நடந்து வரும் பென்னிங்டன் நூலகம் இருக்கிறது. வாடகை வீட்டுக்காரிக்கு இலவசமாகக் கிடைக்கும் பொழுதுபோக்குகளில் நல்ல நூலகத்தைப் போல் உண்டோ? ரத வீதிகளைச் சுற்றிய வீடுகள் முன்பக்கம் ஒடுக்கம், உள்ளே போகப் போக நீளம். திண்ணை, ரேழி, முற்றம் என்று போய்க் கொண்டேயிருக்கும். அதை மூன்றாகத் தடுத்து மூன்று குடித்தனம். 5,500-க்கு ஒன்று பார்த்தோம். முன்கட்டு அழகு. நடுக்கட்டில் பகலிலும் விளக்குப் போடவேண்டும். கழிப்பறை கொல்லைக் கோடியில், மூன்று குடும்பத்துக்கும் ஒன்று. முழங்கால் வலிக்காரர்கள் மழை இரவில் அங்கே போய்வருவதை நினைத்துப் பார்த்து வேண்டாமென்றோம்.

இன்னொரு வீடு எல்லா வசதியும் இருந்தது. ஆனால் பின்புறம் பால்கோவா அடுப்பு. 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்த பால்கோவாவாக்கும்! விறகடுப்பில் பால் சுண்டச் சுண்டக் கிளறும் வாசனை சொர்க்கம்தான். விறகுப் புகை இழுப்புக்காரிக்கு நரகமாயிற்றே. மாமியார் அம்மாள் வாசனையைப் பிடித்துக்கொண்டே இருமினார்! ஆடிப்பூரத் தேரோட்டத்தின்போது ரத வீதி வீடுகளுக்கு ஆட்டோகூட வரமுடியாத கூட்டம் என்பதையும், நிறைமாதக்காரிகள் உள்ள வீட்டில் யோசித்துக் கொள்ள வேண்டும்.

இரண்டு ஊருக்கும் நடுவே பார்த்தால் என்ன என்று தோன்றும். வன்னியம்பட்டி விலக்கு ரோட்டு மேலேயே இருக்கிறது. மம்சாபுரம் கொஞ்சம் மேற்கே தள்ளி. அங்கே தனி வீடே 3,500-க்குக் கிடைத்தது. இங்கேதான் பஸ் கணக்கு வருகிறது. 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. அதனால் "வீடு எங்கே இருந்தா என்ன, பொம்பளைக்குத்தான் பஸ் ஓசியாச்சே, நீயே போய் வந்துடு" என்று வீட்டில் சொல்லிவிடுகிறார்கள். ஓரகத்தி மகள் வீட்டிலும் அந்தப் பேச்சு எழுந்தது. நான் ஒப்புக்கொள்ளவில்லை. டிக்கெட்தான் ஓசி. காத்து நிற்கும் நேரத்தை யார் தருவது? தென்காசி, மதுரை வண்டிகள் நிமிஷத்துக்கு நிமிஷம் போனாலும் அவற்றில் காசு கொடுக்க வேண்டும். சின்ன நிறுத்தத்தில் பல வண்டிகள் நிற்கவும் மாட்டா. பையனுக்குக் காய்ச்சல் என்று பள்ளியிலிருந்து போன் வந்தால் முதலில் ஓடப் போவது யார்? அப்பாவா? எனவே வீடு பெண்ணின் வேலையிடத்துக்குப் பக்கம், பஸ் பிரயாணம் ஆணுக்கு என்று கறாராகச் சொல்லிவிட்டேன். அவள் கணவர் நல்ல பிள்ளை, சிரித்துக்கொண்டே தலையாட்டினார்.

எந்தப் பக்கம் பார்த்தாலும் தண்ணீரை விசாரிக்காமல் வாயைத் திறக்காதீர்கள். "தண்ணி வருமா?" என்று கேட்டால் "வரும் வரும்" என்றுதான் பதில் கிடைக்கும். "எத்தனை நாளைக்கு ஒருக்கா, எந்த நேரத்துக்கு, எத்தனை குடம்?" என்று கேட்க வேண்டும், அதுவும் வீட்டுக்காரரிடமல்ல, பக்கத்துக் குடித்தனக்காரியிடம். போர் தண்ணீரில் சோப்பைப் போட்டுப் பாருங்கள். நுரைக்காவிட்டால் அந்தத் தண்ணீரில் பருப்பும் வேகாது, காஸ் சீக்கிரம் காலியாகும். நாள் விட்டு நாள் தண்ணீர் வரும் ஊரில் தொட்டியில் பிடித்து வைக்காமல் முடியாது. அந்த நல்ல தண்ணீரில்தான் டெங்கு கொசு முட்டையிடுகிறது. முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். ஆகவே தொட்டிக்கு மூடி இருக்கிறதா, உள்ளே இறங்கித் தேய்த்துக் கழுவ வசதி உண்டா என்று பாருங்கள். வாரம் ஒருமுறை சுவரைத் தேய்த்துக் கழுவினால்தான் ஒட்டிய முட்டை போகும். புது நகர்களில் வேறொரு விஷயம் கவனியுங்கள். பக்கத்தில் கண்மாய் இருந்தால் சுவரின் அடியில் ஈரக்கோடு தெரிகிறதா பாருங்கள். ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர் எதுவரை வந்தது என்று அந்தக் கோடே சொல்லிவிடும்.

கடைசியில் அட்வான்ஸ். பத்து மாத வாடகை என்று ஓரிடத்தில் கூசாமல் கேட்டார்கள். வளையல் என் கண்முன் வந்து போயிற்று. 2019 பிப்ரவரியிலிருந்து தமிழ்நாட்டில் புதிய வாடகைச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. நகராட்சிப் பகுதிகளில் வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். முன்பணம் மூன்று மாத வாடகை என்பதுதான் சட்டம் சொல்லும் அளவு. நாமாக அதிகத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டால் பிறகு வாதாடுவது கஷ்டம். தகராறு வந்தால் தண்ணீரையும் கரண்ட்டையும் நிறுத்துவதற்கு வீட்டுக்காரருக்கு உரிமை கிடையாது. இதைச் சண்டைக்குப் போகிற குரலில் சொல்ல வேண்டாம். "கோர்ட்டுல வேலை பாக்குறவுக, சட்டப்படி எழுதிக்கிடுவோம் அக்கா" என்று நயமாகச் சொன்னால் பாதிப் பேர் இறங்கி வருகிறார்கள். மீட்டரும் தனியா என்று கேளுங்கள். இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்பது மீட்டருக்குத்தான். ஒரே மீட்டரில் மூன்று குடித்தனம் ஓடினால் அந்தச் சலுகையும் பங்காகிவிடும், மொத்த யூனிட் ஏறி மேல்படி ரேட்டும் விழும்.

ராஜபாளையத்தில் மில் ஆபீஸுக்கு நடந்து போகிற தூரத்தில், ஒரு வளவின் பின்கட்டு 5,800-க்கு அமைந்தது. தரைத்தளம், தனிக் கழிப்பறை, தனி மீட்டர். சமையலறை ஜன்னல் கிழக்கே. வீட்டுக்கார அம்மா கணவரை இழந்தவர். மூன்று மாத அட்வான்ஸுக்கு ஒப்புக்கொண்டு, "பிள்ளை சத்தம் வீட்ல இருந்தாப் போதும் தாயி" என்றார். சேர்த்து வைத்திருந்த சீட்டுப் பணத்தில் அட்வான்ஸ் முடிந்தது, வளையல் கையிலேயே இருக்கிறது. அவள் கணவர் காலையில் பஸ் பிடித்துக் கோர்ட்டுக்குப் போகிறார். மாமியார் அம்மாளுக்கு மட்டும் ஒரே ஒரு குறை. மார்கழியில் ஆண்டாள் சன்னதிக்குப் போக முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று வருகிறவர் போகிறவரையெல்லாம் விசாரித்துக் கொண்டிருக்கிறார்.