உதை பட்டது யாருக்கு?

திருப்பதிக்குப் போகிற தமிழ்க் குடும்பங்களில் ஒரு சர்ச்சை தவறாமல் எழும். முதலில் மலையேறிப் பெருமாளைச் சேவிப்பதா, திருச்சானூர் போய்த் தாயாரைப் பார்த்துவிட்டு மலையேறுவதா? வீட்டுப் பெரியவர்கள் தாயார் கட்சி. தரிசன டிக்கெட்டில் அச்சாகியிருக்கும் நேரத்தையும் பஸ்ஸையும் பார்க்கிறவர்கள் பெருமாள் கட்சி. பெரும்பாலும் டிக்கெட்தான் ஜெயிக்கிறது. திருப்பதியிலிருந்து ஐந்து கிலோமீட்டர் தள்ளியிருக்கும் திருச்சானூர், ஊர் திரும்பும் அவசரத்தில் எட்டிப் பார்க்கிற இடமாகிவிடுகிறது.

தாயார் ஏன் மலைமேல் இல்லாமல் கீழே தனியாக இருக்கிறார் என்று குழந்தைகள் கேட்டால் பெரியவர்கள் சற்றுத் தடுமாறுகிறார்கள். காரணம், கதை ஒரு கணவன் மனைவி சண்டை. அதுவும் மன்னிப்பது பற்றிய சண்டை.

மும்மூர்த்திகளில் யார் பெரியவர் என்று சோதிக்கப் புறப்பட்ட பிருகு முனிவர், பள்ளிகொண்டிருந்த திருமாலின் மார்பில் எட்டி உதைத்தார். திருமால் கோபிக்கவில்லை. முனிவரின் காலைப் பிடித்து, பாதம் வலிக்கிறதா என்று கேட்டார். பாகவதத்தின் பத்தாம் ஸ்கந்தத்தில் விஷயம் அத்தோடு முடிந்துவிடுகிறது. பொறுமையில் சிறந்தவர் திருமாலே என்று ரிஷிகள் தீர்ப்பு எழுதிவிட்டுக் கலைந்துபோகிறார்கள். ஆனால் வேங்கடமலையின் தலபுராணம் அங்கே முடிக்கச் சம்மதிக்கவில்லை. உதை விழுந்த மார்பு லட்சுமி குடியிருக்கும் இடம். உதை அவளுக்கும்தான் பட்டது. அவளை ஒரு வார்த்தை கேட்காமல் கணவர் மன்னித்துவிட்டார். அவள் எழுந்து கொல்லாபுரம் போய்விட்டாள். அந்த மார்பை விட்டு அகலாதவள் என்று நம்மாழ்வார் பாடிய அதே தாயாரைத்தான் தலபுராணம் துணிந்து அகல வைக்கிறது.

பிறகு நடந்ததெல்லாம் ஊரறிந்தது. அவளைத் தேடிப் பூமிக்கு வந்து, பத்மாவதியைக் கல்யாணம் செய்துகொள்ளக் குபேரனிடம் கடன் வாங்கி, கலியுகம் முடியும்வரை வட்டி கட்டுகிற கடவுளானார் வேங்கடவன். தெலுங்கில் அவருக்கு ‘வட்டிகாசுலவாடு’ என்றே ஒரு செல்லப்பெயர் உண்டு. பத்மாவதி வேறு, லட்சுமி வேறு என்றும், இருவரும் ஒருவரே என்றும் கதைகள் பல வழியாகப் பிரிகின்றன. திருச்சானூர்க் குளத்தில் பொற்றாமரையில் தாயார் தோன்றிய கதையில் அவை மறுபடி வந்து சேர்கின்றன. அந்தக் கார்த்திகை பஞ்சமி நாளில் இன்றும் மலையிலிருந்து புடவை, மஞ்சள், குங்குமம் முதலான சீர்வரிசை யானைமேல் வைத்துத் திருச்சானூருக்கு வருகிறது. மனைவி கோபித்துக்கொண்டு போனது புராண காலத்தில். சீர் வருஷம் தவறாமல் போய்க்கொண்டிருக்கிறது.

வைணவ ஆசாரியர்கள் பின்னாளில் இதே தாயாரைத்தான் அடியாரின் குற்றத்தைப் பொறுக்கும்படி பெருமாளிடம் பரிந்து பேசுகிறவளாகக் கண்டார்கள். தன் காயத்தைப் பிறர் மன்னித்தபோது எழுந்து போனவளுக்குத்தான் பிறருக்காகப் பரிந்து பேசும் தகுதி வந்தது என்று சொல்லத் தோன்றுகிறது. ஆசாரியர்கள் அப்படிச் சொல்லவில்லை என்பதையும் சேர்த்தே சொல்லிவிட வேண்டும்.

தெய்வங்களின் கதை கிடக்கட்டும். வீடுகளில் நடப்பது என்ன? குடித்துவிட்டு வந்து அடித்தவனைக் கூடத்தில் உட்கார வைத்து, அவனுக்குக் காபியும் கொடுத்து, “சரி, நடந்தது நடந்துபோச்சு, மறந்துடலாம்” என்று மாமனார் முடித்துவைக்கிறார். அடி வாங்கியவள் அப்போது அடுப்படியில் இருக்கிறாள். தங்கையின் பங்கைத் தன் பெயருக்கு எழுதிக்கொண்ட அண்ணனைத் தாய் மன்னித்துவிடுகிறாள். தங்கையும் மன்னித்துவிட்டதாக உறவுக்காரர்கள் கணக்கில் எழுதிக்கொள்கிறார்கள். அவள் அடுத்த கல்யாணத்துக்கு வராவிட்டால், “இன்னும் மனசுல வெச்சிருக்கா பாரு” என்று குற்றம் அவள் தலையில் ஏறுகிறது. பிருகு உதைத்துவிட்டுப் போய்விட்டார். வீட்டைவிட்டுப் போன லட்சுமிக்குத்தான் கோபக்காரி என்ற பெயர்.

இந்த விஷயத்தில் சட்டம் குடும்பங்களைவிடத் தெளிவாக இருந்திருக்கிறது. எந்தெந்தக் குற்றங்களில் சமரசம் செய்துகொள்ளலாம் என்று 1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 320ஆவது பிரிவு ஓர் அட்டவணை போட்டது. அதன் கடைசிப் பத்தி, சமரசம் செய்ய உரிமையுள்ளவர் யார் என்பதைச் சொல்லும். அடித்துக் காயப்படுத்திய வழக்கு என்றால் அங்கே இருப்பது காயப்பட்டவர். அவருடைய மாமனாருக்கோ ஊர்ப் பெரியவருக்கோ அந்த வரியில் இடமில்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்திலும் அது அப்படியே இருக்கிறது.

மனைவியைக் கொடுமைப்படுத்தும் 498ஏ வழக்கு அந்தப் பழைய அட்டவணையில் கிடையாது. ஆந்திரப் பிரதேசம் 2003இல் தன் மாநிலத்துக்கு மட்டும் திருத்தம் கொண்டுவந்து அதைச் சேர்த்தது. நீதிமன்ற அனுமதியோடு, கொடுமைக்கு ஆளான பெண் சமரசம் செய்துகொள்ளலாம். ஆனால் மனு கொடுத்த அன்றே முடியாது. குறைந்தது மூன்று மாதம் போக வேண்டும், அதற்குள் எந்தத் தரப்பும் பின்வாங்கியிருக்கக் கூடாது. மூன்று மாதம் போதுமா என்பது வேறு கேள்வி. மன்னிப்புக்கு உரிமையாளர் ஒருவர் உண்டு, அவருக்குக் காலமும் வேண்டும் என்பது திருச்சானூர் இருக்கும் அதே மாநிலத்தின் சட்டசபைக்குத் தெரிந்திருந்தது.

கிறிஸ்தவர்கள் மன்னிப்பைத் தங்கள் மதத்தின் நடுநாயகமாக வைத்திருப்பவர்கள். அங்கும் இந்தக் குழப்பம் குறைவில்லை. ‘கிருபை’ என்ற சொல் பிரசங்க மேடையிலிருந்து சுலபமாக இறங்கி, வாயை மூடு என்ற அர்த்தத்தில் வீட்டுக்கு வந்து சேர்ந்துவிடும். ஜெர்மானிய இறையியலாளர் டீட்ரிச் பான்ஹாபர் 1937இல் வெளியிட்ட நூலில் இதற்கு மலிவான கிருபை என்று பெயர் வைத்தார். ஹிட்லரை எதிர்த்ததற்காக 1945இல் தூக்கிலிடப்பட்ட அவருக்கு எது மலிவு, எது விலை கூடியது என்று தெரிந்திருக்கும்.

ஆனால் மத்தேயு சுவிசேஷத்தைப் பொறுமையாகப் படித்தால் மேடையில் கேட்பதிலிருந்து அது வேறாக இருக்கிறது. பலிபீடத்தில் காணிக்கை வைக்கும்போது, சகோதரனுக்கு உன்மேல் குறை உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் அவனிடம் போய்ச் சமாதானமாகு என்கிறார் இயேசு. இது தப்புச் செய்தவனுக்கு. காயப்பட்டவனுக்கும் தனியாக ஓர் உத்தரவு பதினெட்டாம் அதிகாரத்தில் இருக்கிறது. அவனிடம் தனியே போய் அவன் குற்றத்தை அவனுக்குச் சொல் என்பது அது. விழுங்கிக்கொள் என்று அங்கே சொல்லவில்லை. மிஷ்னா என்னும் பழைய யூத நூலும் இதே பாதையில் போகிறது. பாவநிவாரண நாள் கடவுளுக்கு விரோதமாகச் செய்ததைத் தீர்க்குமாம். அடுத்தவனுக்குச் செய்ததை, அவனைச் சமாதானப்படுத்தும்வரை தீர்க்காதாம். உண்டியலில் போட்டால் தீர்ந்தது என்று நினைக்கும் எந்த மதத்துக்காரருக்கும் இது கசப்பான செய்திதான்.

எத்தனை தடவை மன்னிப்பது, ஏழு தடவையா என்று பேதுரு கேட்டதும் இயேசு சொன்ன கதையில், மறுபடியும் கடன் வருகிறது. ராஜாவிடம் பதினாயிரம் தாலந்து கடன்பட்டு, மன்னிக்கப்பட்ட ஒரு வேலைக்காரன், தன்னிடம் நூறு வெள்ளிக்காசு வாங்கிய சக ஊழியனின் தொண்டையைப் பிடிக்கிறான். அந்தக் காசு ஒன்று ஒரு நாள் கூலி. ஒரு தாலந்து சுமார் ஆறாயிரம் காசு. கணக்குப் போட்டால் அவன் பட்ட கடன் ஆறு கோடி நாள் கூலி. பிரசங்கிகள் வழக்கமாக இந்தப் பெரிய எண்ணிலேயே நின்றுவிடுகிறார்கள். சின்ன எண்ணையும் பார்க்க வேண்டும். நூறு நாள் கூலி என்றால் என்னவென்று எந்தக் கிராமத்திலும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். அந்த ஊழியன் தர வேண்டியது நிஜமான கடன். உன் நஷ்டம் சின்னது, விட்டுத் தள்ளு என்று அந்தக் கதை சொல்லவில்லை.

திருச்சானூர்க் கடைத்தெருவில் காதில் விழக்கூடிய ஒரு தெலுங்குச் சொல் இங்கே நினைவுக்கு வருகிறது. ‘மன்னிஞ்சு’ என்றால் மன்னிப்பது. மரியாதை செய்வது, மதிப்பது என்றும் அதற்குப் பொருள் உண்டு. காயப்பட்டவரை மதிக்காத மன்னிப்பை அந்தச் சொல் தாங்காது.

இந்தியாவில் இதை உலகறியச் செய்து காட்டியவர் கிளாடிஸ் ஸ்டெயின்ஸ். ஒடிசாவின் பாரிபடாவில் தொழுநோயாளிகளுக்குப் பணி செய்துவந்த அவருடைய கணவர் கிரகாம், பத்து வயது பிலிப், ஆறு வயது திமோத்தி மூவரையும், 1999 ஜனவரி 22ஆம் தேதி இரவு, மனோகர்பூரில் வண்டிக்குள் தூங்கிக்கொண்டிருந்தபோது ஒரு கும்பல் எரித்துக் கொன்றது. கிளாடிஸ் கொலைகாரர்களை மன்னித்ததாகச் சொன்னார். அது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கிறது. மன்னிப்பு வேறு, குற்றத்துக்கான விளைவு வேறு, இரண்டையும் கலக்கக் கூடாது என்றும் அவர் சொன்னார். அது அவ்வளவாக ஞாபகத்தில் இல்லை. தன் மனதிலிருந்த கசப்பை அவர் விட்டார். சட்டத்தின் வேலையைத் தன் கையில் எடுக்கவுமில்லை, தடுக்கவுமில்லை. முதல் குற்றவாளி தாரா சிங்கின் ஆயுள் தண்டனையை உச்ச நீதிமன்றம் 2011இல் உறுதி செய்தது. கிளாடிஸ் உடனே ஊரைவிட்டுப் போகவுமில்லை. மகள் எஸ்தருடன் அதே பாரிபடாவில், அதே தொழுநோயாளிகளோடு 2004 வரை இருந்தார். காலையில் எழுந்து கட்டுப் போடுவதும் கணக்குப் பார்ப்பதுமாகப் போன அந்த ஐந்து வருடங்களைப் பற்றி யாரும் தலைப்புச் செய்தி போடவில்லை.

மத்தியப் பிரதேசத்தில் நடந்தது இன்னும் நெருக்கமான கதை. கேரளத்தின் புல்லுவழியில் பிறந்த கன்னியாஸ்திரி ராணி மரியா, உதய்நகர் பக்கத்துப் பழங்குடி விவசாயிகளை ஒன்றுசேர்த்து, வட்டிக்காரர்களின் பிடியிலிருந்து விடுவிக்கப் பாடுபட்டார். வட்டியில் பிழைத்தவர்களுக்கு அது பொறுக்கவில்லை. 1995 பிப்ரவரி 25 அன்று ஓடும் பஸ்ஸில் எல்லாரும் பார்க்க, அவர்கள் ஏவிய சமந்தர் சிங் என்ற இளைஞர் அவரைக் கத்தியால் குத்தினார். ஒரு குத்தல்ல, நாற்பதுக்கும் மேல். ராணி மரியாவுக்கு வயது 41.

அவருடைய தங்கை செல்மி பாலும் கன்னியாஸ்திரிதான். மன்னிக்க வேண்டும் என்று தினமும் ஜெபிக்கிற தொழிலில் இருப்பவர். ஆனாலும் அவர் இந்தூர்ச் சிறையின் வாசலுக்குப் போனது 2002 ஆகஸ்டில், ரக்ஷா பந்தன் சமயத்தில். இடையில் ஏழு வருடம். சமந்தர் சிங்கின் மணிக்கட்டில் ராக்கி கட்டி, அவரைச் சகோதரராக ஏற்றுக்கொண்டார். ராணி மரியாவின் தாய், மகளின் ரத்தம் பட்ட கைகள் என்று சொல்லி, சமந்தரின் கைகளை எடுத்து முத்தமிட்டார். அந்த முத்தம் கொலைகாரனுக்கா, மகளுக்கா என்று பிரித்துப் பார்க்க யாராலும் முடியாது.

இவர்கள் யாரும் ராணி மரியாவின் சார்பில் மன்னிக்கவில்லை. அது முடியாத காரியம். தங்கை தன் அக்காவை இழந்ததை மன்னித்தார். தாய் தன் மகளை இழந்ததை மன்னித்தார். அவரவர் கடன் அவரவரோடு. அந்தக் குடும்பமும் கன்னியர் சபையும் சேர்ந்து மனுச் செய்த பிறகு 2006இல் சமந்தர் சிங் விடுதலையானார். மறு வருடம் அவர் புல்லுவழிக்குப் போய் அந்த வீட்டுப் பெற்றோர் முன் நின்றார். 2017 நவம்பர் 4 அன்று இந்தூரில் ராணி மரியாவுக்கு முக்திப்பேறு பட்டம் அளிக்கப்பட்டது.

உலகம் கொண்டாடுவது அந்தச் சிறைச்சாலைக் காட்சியை. ராக்கி விஷயத்தில் ஒரு சங்கடம் உண்டு என்பது வடக்கே பெண் கொடுத்தவர்களுக்குத் தெரியும். ஒரு வருடம் கட்டிவிட்டு விட்டுவிட முடியாது. அடுத்த ஆவணிப் பௌர்ணமி வரும். அண்ணன் வீட்டில் நல்லது கெட்டது நடக்கும், விசாரிக்க வேண்டும். செல்மிக்கும் சமந்தருக்கும் அந்த உறவு அப்படித்தான் தொடர்ந்தது.