மாறும் கடைகளும் மாறாத கட்டடமும்

கடையொன்று மூடப்படுவது நமது ஊர்களில் இலேசாகக் கேட்டுவிட்டுப் போகக்கூடிய செய்தியன்று. முதலாளி நொடித்துப்போனார், அல்லது காலமானார், அல்லது பிள்ளைகள் வெளிநாட்டுக்கு அழைத்துக்கொண்டனர் என ஒரு காரணம் அச்செய்தியோடு கூடவே வந்துசேரும். ஊரடங்கு, போர், இடப்பெயர்வு ஆகியவற்றினிடையே வாழ்ந்த எமது பெற்றோரின் தலைமுறை பூட்டிய கதவுகளையே கண்டு பழகியது. ஆகவே மூடிய கடை எமது மனத்தில் துயரத்தின் அடையாளமாகவே பதிந்துள்ளது. இம்மனப்பதிவோடு நவீன கடைத்தொகுதி ஒன்றினுள் நுழைபவர் அதன் பொருளியலைப் பிழையாகவே விளங்கிக்கொள்வார். செழித்தோங்கும் கடைத்தொகுதியில் கடைகள் ஓயாது மூடப்படுகின்றன, ஓயாது திறக்கப்படுகின்றன. அம்மாற்றமே அதன் செழிப்பு இயங்கும் வழி. அவ்வழியின் செலவை யார் தாங்குகின்றனர் என்ற வினா சில காலமாக என்னை விட்டகலாதிருக்கிறது. உலகறிந்த டுபாய் மோலை உதாரணமாகக் கொண்டு அவ்வினாவை ஆராய முனைகின்றேன்.

அங்காடி என்பது தமிழர்க்குப் புதிய சொல்லன்று. மதுரைக்காஞ்சி பாடிய மாங்குடி மருதனார் பகலில் கூடும் நாளங்காடியையும் இரவில் கூடும் அல்லங்காடியையும் நமக்குக் காட்டியுள்ளார். அத்தகைய அங்காடித் தெருவில் ஒவ்வொரு கடைக்கும் உடையவர் ஒருவர் இருந்தார். தெருவுக்கு உடையவர் என எவருமிலர். இன்று யாழ்ப்பாணத்துக் கஸ்தூரியார் வீதிக்கும் கொழும்புச் செட்டியார் தெருவுக்கும் இது பொருந்தும். இந்நிலையைத் தலைகீழாக்கியதே நவீன கடைத்தொகுதி. வியன்னாவிலிருந்து 1938இல் வெளியேறி அமெரிக்காவில் குடியேறிய கட்டடக் கலைஞர் விக்ரர் குறூன் வடிவமைத்த சௌத்டேல் என்னும் கடைத்தொகுதி 1956 ஒக்டோபரில் மினசோட்டா மாநிலத்தில் திறக்கப்பட்டது. முற்றாகக் கூரையிடப்பட்டு, குளிரூட்டப்பட்ட கடைத்தொகுதிகளின் முன்னோடி அதுவேயாகும். அங்கே தெரு கூரைக்குள் வந்தது. கூரைக்குள் வந்த தெருவுக்கு உடைமையாளர் ஒருவரும் வந்துசேர்ந்தார். கடைக்காரரோ குத்தகைக்காரர் ஆனார். பின்வருவன யாவும் இவ்வொரு மாற்றத்தின் விளைவுகளே.

எமார் நிறுவனம் அமைத்த டுபாய் மோல் 2008 நவெம்பர் 4ஆம் திகதி, உலக நிதி நெருக்கடி உச்சத்தை எட்டியிருந்த வேளையில், ஏறக்குறைய 600 கடைகளுடன் திறக்கப்பட்டது. மறு ஆண்டில் அந்நகரின் அரச நிறுவனமொன்று கடன் தவணைகளைப் பிற்போடுமாறு கேட்க நேர்ந்தது. டுபாயின் காலம் முடிந்துவிட்டது எனப் பலரும் எழுதினர். ஆனால் கடைத்தொகுதியோ வளர்ந்துகொண்டே சென்றது. 1 கோடி 20 இலட்சம் சதுர அடி மொத்தப் பரப்புடைய அக்கட்டடத்தில் இன்று 1,200இற்கும் மேற்பட்ட கடைகள் உள்ளன. 2011இல் 5 கோடி 40 இலட்சமாக இருந்த வருகைகள் 2023இல் 10 கோடி 50 இலட்சமாகவும் 2024இல் 11 கோடி 10 இலட்சமாகவும் உயர்ந்தன. நாளொன்றுக்கு மூன்று இலட்சம் வருகைகள்! யாழ்ப்பாண மாவட்டத்தின் முழுச் சனத்தொகைக்கும் ஈடான ஒரு கூட்டம் இரண்டு நாள்களில் அதன் வாயில்களைக் கடக்கிறது.

இத்துணைக் கூட்டம் வரும் இடத்தில் கடைகள் ஏன் மாறவேண்டும்? விடை குத்தகை ஒப்பந்தத்தில் உள்ளது. இத்தகைய தொகுதிகளில் இடம் பெறுவோர் பொதுவாகச் சில ஆண்டுகளுக்கே ஒப்பந்தம் செய்துகொள்வர். அடிப்படை வாடகை ஒன்றுண்டு. விற்பனை குறித்த அளவைத் தாண்டுமிடத்து அதில் ஒரு வீதமும் உடைமையாளருக்கு உரியதாகும். இதற்காகக் கடையின் விற்பனைக் கணக்கு உடைமையாளரிடம் ஒழுங்காக ஒப்படைக்கப்படுகிறது. எந்தச் சதுர அடி எவ்வளவு ஈட்டுகிறது என்பதைப் பக்கத்துக் கடைக்காரர் அறியார். கட்டடத்துக்கு உடையவர் அறிவார். ஒப்பந்தம் முடிவுறும் நாளில் அவர் கேட்கும் வினா, ‘இக்கடை இலாபமீட்டுகிறதா?’ என்பதன்று, ‘இதே இடத்தில் இதனிலும் கூடுதலாக ஈட்டவல்ல வேறொருவர் உளரா?’ என்பதே.

பொருளியல் பயிலும் மாணவர்க்கு இவ்விடத்தில் டேவிட் றிக்காடோ நினைவுக்கு வருதல் இயல்பு. தானியத்தின் விலை உயர்வதனாலேயே நிலவாடகை உயர்கிறது, நிலவாடகையினால் தானியத்தின் விலை உயர்வதில்லை என 1817இல் வெளியான தமது நூலில் அவர் வாதிட்டார். வயலைப் பற்றிக் கூறப்பட்ட அவ்வுண்மை பளிங்குத் தளத்துக்கும் பொருந்துகிறது. கடைகள் நன்கு விற்பதனாலேயே வாடகை ஏறுகிறது. ஏறிய வாடகையைத் தாங்கவியலாத கடை, அந்த ஏற்றத்துக்குத் தானும் காரணமாயிருந்தும், வெளியேறுகிறது. வயலை வளமாக்கிய குத்தகைக் கமக்காரன் அந்த வளத்தினாலேயே வயலை இழந்த பழைய கதைதான் இது.

ஆயினும் எல்லாக் கடைகளும் ஒரே தராசில் நிறுக்கப்படுவதில்லை. பெருங் கூட்டத்தை ஈர்க்கும் பாரிய பல்பொருள் விற்பனை நிலையங்கள் சதுர அடிக்குக் குறைந்த வாடகையே செலுத்துவது உலக வழக்கம். அவற்றை நாடி வரும் சனம் வழியிலுள்ள சிறு கடைகளிலும் நுழையும் என்பதனால், அச்சனத்துக்கான விலை சிறு கடைகளிடம் அறவிடப்படுகிறது. மீன் காட்சியகமும் நீரூற்றும் இக்கணக்கிலேயே அடங்கும். இவையும் தமது கவர்ச்சி குன்றுமிடத்துத் தப்புவதில்லை. டுபாய் மோலில் 2009இல் தொடங்கப்பட்ட சேகா றிப்பப்ளிக் என்னும் விளையாட்டு அரங்கு 2017இல் மூடப்பட்டது; மறு ஆண்டிலேயே மெய்நிகர் காட்சிகளைக் கொண்ட புதிய விளையாட்டுக் களமொன்று திறக்கப்பட்டது. சிறுவர் தொகை குறையவில்லை. சிறுவரின் விருப்பம் மாறியது. அவ்விருப்பத்தோடு தானும் மாறத் தெரிந்ததே கட்டடத்தின் திறமை. முதலாளித்துவத்தின் உயிர்ப்பு பழையதை அழித்துப் புதியதை ஆக்குவதிலேயே தங்கியுள்ளது என யோசப் சும்பீற்றர் 1942இல் விளக்கினார். அவர் முழுப் பொருளாதாரத்தையும் நோக்கிக் கூறியதை இங்கே ஒரே கூரையின் கீழ், ஒரே முகாமையாளரின் அட்டவணைப்படி நடக்கக் காண்கிறோம்.

இவ்வட்டவணையின் மறுபக்கத்தை நான் அறிந்தது என் ஒன்றுவிட்ட அண்ணன் வாயிலாகவே. அவர் வளைகுடா நகரொன்றின் கடைத்தொகுதியில், ஆடைக் கடையொன்றின் விற்பனையாளராக ஆறு ஆண்டுகள் பணியாற்றினார். கடை மூடப்படப் போவதை அறிவித்தல் வருமுன்னரே ஊழியர் அறிந்துகொள்வர் என்பார் அவர். முதலில் புதிய சரக்கு வருவது நிற்கும். பின்னர் நடுத்தர அளவுச் சட்டைகள் தீரும். மிகச் சிறியனவும் மிகப் பெரியனவும் மட்டும் தொங்கும். அதன்பின் ஒருநாள், அளவுநாடாவோடு இருவர் வந்து, எவரோடும் பேசாது சுவர்களை அளந்துவிட்டுப் போவர். “சனம் குறைஞ்சு மூடேல்லை, தம்பி. பெருநாளுக்கு நிக்க இடமில்லாத சனம். ஒப்பந்தம் முடிஞ்சுது, புதுப்பிக்கேல்லை, அவ்வளவுதான்” என்று தொலைபேசியில் கூறினார். அக்கடையில் பதினொருவர் வேலை செய்தனர். நால்வரைக் கம்பனி வேறு கிளைகளுக்கு அனுப்பியது. அண்ணனுக்கு நகரத்துக்கு வெளியேயுள்ள களஞ்சியத்தில் இடம் கிடைத்தது. ஏனையோர் தமது வதிவிட அனுமதி வேலையோடு பிணைந்திருந்தமையால், குறித்த காலத்துக்குள் புதிய தொழில் தேடவேண்டியவராயினர். சிலர் ஊர் திரும்பினர்.

அவர் கூறியவற்றுள் என் மனத்தில் நிலைத்தது வேறொன்று. இறுதி இரவில், கடைசிப் பெட்டியை ஏற்றி முடித்ததும், தொழிலாளர் வந்து கடைமுகப்பை முழுவதும் மறைத்து ஒரு பலகைச் சுவர் எழுப்பினராம். விடிவதற்குள் அதில் வண்ணப் படம் ஒட்டப்பட்டு, ‘விரைவில்’ என்ற சொல்லும் எழுதப்பட்டுவிட்டது. காலையில் வந்த வாடிக்கையாளர் எவரும் வெற்றிடமொன்றைக் காணவில்லை. நம்மூர்ச் சந்தியில் பூட்டிய கடையின் கதவு மாதக்கணக்காகத் துருப்பிடித்து நின்று, அங்கே ஒருவர் பிழைத்தார் என்பதை நினைவூட்டும். அங்கோ அந்நினைவுக்கு ஓர் இரவுக்கு மேல் ஆயுள் இல்லை.

இனி விரிவாக்கத்தை நோக்குவோம். டுபாய் மோல் தன்னைப் பலமுறை விரித்துக்கொண்டது. 2018இல் உயர்குடி நாகரிகப் பொருள்களுக்கான பகுதி சுமார் 10 இலட்சம் சதுர அடியால் பெருகி, 150இற்கு மேற்பட்ட புதிய வணிகப் பெயர்களுக்கு இடமளித்தது. 2024 ஜூனில் 150 கோடி திர்ஹம் செலவில் 240 புதிய ஆடம்பரக் கடைகளும் உணவகங்களும் சேர்க்கப்படும் என அறிவிக்கப்பட்டது. இருக்கும் கடைகளில் ஐந்திலொரு பங்கு! புதிதாகச் சேரும் இடம் எவருக்கானது என்பது கவனிக்கத்தக்கது. ஐந்து திர்ஹம் பொருளை விற்பவருக்காக எவரும் பளிங்கு பதிப்பதில்லை.

இவ்விரிவு நம்பியிருப்பது எதனை? முதலாவது, நகரத்தின் வளர்ச்சியை. 2008இல் ஏறக்குறைய 16 இலட்சமாக இருந்த டுபாயின் சனத்தொகை 2024இன் முடிவில் 38 இலட்சத்தைத் தாண்டியது. இரண்டாவது, பயணிகளை. 2024இல் அந்நகரில் தங்கிச் சென்ற வெளிநாட்டவர் 1 கோடி 87 இலட்சம் பேர். மூன்றாவது, பாதையை. 2012 டிசெம்பரில் நகர ரயில் நிலையத்திலிருந்து கடைத்தொகுதி வரை குளிரூட்டப்பட்ட நடைபாலம் திறக்கப்பட்டது. இம்மூன்றில் எதனையும் கடைத்தொகுதி தனித்து உண்டாக்கவில்லை. விமானத்தளமும் ரயிலும் குடியேற்றச் சட்டமும் பொது அதிகாரத்தின் ஆக்கங்கள். கட்டடம் அவற்றின் விளைச்சலை அறுவடை செய்கிறது. இணைய வணிகம் அந்த அறுவடையைக் குலைத்துவிடும் என்ற அச்சமும் எழுந்ததுண்டு. எமாரை நிறுவிய முகம்மத் அலப்பாரே நூன் என்ற இணைய வணிக நிறுவனத்தையும் 2017இல் இயங்கச் செய்தார். அதே ஆண்டில் அமேசன் அங்கிருந்த சூக் என்ற போட்டி நிறுவனத்தை வாங்கியது. கடைத்தெருவுக்கு உடையோர் மாற்றத்தின் இரு கரைகளிலும் கால்வைத்து நிற்க வல்லவர். கடைக்குள் நிற்பவருக்கு அந்த வாய்ப்பில்லை.

மாற்றம் நின்றுபோனால் நேர்வது என்ன என்பதற்கும் சான்றுண்டு. சிக்காகோ நகரை அடுத்த ஹார்வி என்னும் ஊரில் 1966இல் திறக்கப்பட்ட டிக்சி ஸ்குவெயர் கடைத்தொகுதி பன்னிரண்டு ஆண்டுகளில் மூடப்பட்டது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பாழடைந்து கிடந்து, 2012இல் இடிக்கப்பட்டது. போனவரின் இடத்துக்கு வருவோர் இல்லாதபோது கட்டடம் சாகிறது. ஆகவே கடைகள் மாறுவதையே குற்றமாகக் காண்பதும் பேதைமையாகும். நகரவாழ்வுக்குப் புத்துயிர் தரும் பொதுமன்றமாகத் தம் படைப்பைக் கனவுகண்ட குறூன், பிற்காலத்தில் அதன் வழித்தோன்றல்களைத் தம்முடையன என ஏற்க மறுத்தார். கடைத்தொகுதியைச் சூழ வீடுகளும் பாடசாலைகளும் பூங்காக்களும் அமையவேண்டுமென அவர் விரும்பினார். விற்பனைக்குரிய பகுதி மட்டும் எங்கும் பெருகியது.

நமது நாட்டுக்கும் இவ்விடயம் அந்நியமன்று. காலி முகத்திடலுக்கு எதிரே வன் கோல் பேஸ் கடைத்தொகுதி 2019 நவெம்பரில் திறக்கப்பட்டது. உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல் நிகழ்ந்த ஆண்டு அது. நான்கு மாதங்களில் பெருந்தொற்றினால் ஊரடங்கு வந்தது. 2022 ஏப்பிரலில் நாடு வெளிநாட்டுக் கடன் கொடுப்பனவை நிறுத்தியது. அதே மாதத்தில், அக்கட்டடத்தின் கண்ணாடிச் சுவர்கள் பார்த்திருக்க, திடலில் போராட்டக்காரரின் கூடாரங்கள் எழுந்தன. பால்மாவுக்கும் எரிவாயுவுக்கும் வரிசையில் நின்ற மக்களின் நாட்டில், ஆடம்பரக் கடைகளின் எதிர்காலம் எவரது கொள்வனவுச் சக்தியை நம்பியிருக்கும் என்ற வினாவை அக்காட்சியை விடத் தெளிவாக எந்தப் பாடநூலும் எழுப்பியதில்லை. 2018இல் இலங்கைக்கு வந்த உல்லாசப் பயணிகள் 23 இலட்சம். 2024இல் 20 இலட்சத்துக்குச் சற்று அதிகம். டுபாயைப் பின்பற்றி மாடிகளை உயர்த்த விரும்புவோர் இவ்வெண்களை முதலில் அருகருகே எழுதிப் பார்த்தல் நன்று.

கடைத்தொகுதியின் வெற்றியைக் கூறும் அறிக்கைகள் வருகைகளை எண்ணுகின்றன. சதுர அடிகளை எண்ணுகின்றன. புதிதாக வரும் பெயர்களை எண்ணுகின்றன. வெளியேறிய கடைகளையும் அவற்றோடு வெளியேறிய மனிதரையும் எண்ணும் நிரல் அவற்றில் இல்லை. ஒப்பந்தம் முடியும் திகதியை உடைமையாளரும் கம்பனியும் ஆண்டுகளுக்கு முன்னரே அறிவர். அதே திகதியைத் தன் வாழ்க்கையின் திகதியாகவும் கொண்ட விற்பனையாளர் மட்டும் அளவுநாடாவைக் கண்டு ஊகிக்க வேண்டியிருப்பது எந்தப் பொருளியல் விதியினாலும் விதிக்கப்பட்டதன்று. அத்திகதியை அவருக்கும் முன்கூட்டி அறிவிப்பதனால் வாடகை குறையப்போவதில்லை, வருகை குறையப்போவதுமில்லை. நாளை நமது நாட்டில் இத்தகைய கட்டடங்கள் பெருகுமாயின், அவற்றின் குத்தகை ஒப்பந்தங்களில் இடம்பெறத்தக்க முதலாவது புதிய வாசகம் இதுவெனக் கருதுகின்றேன்.