கழுத்து நீண்ட டைனோசர்கள்: பூங்காவில் விட மூணு, காலி மைதானம் ஒண்ணு

டைனோசர் பூங்கா கட்டுகிற கம்ப்யூட்டர் கேம்களில் எல்லோரும் முதலில் கேட்பது டி-ரெக்ஸைத்தான். அது ஆட்டைத் தின்பதை அஞ்சு நிமிஷம் வேடிக்கை பார்க்கலாம், அவ்வளவுதான். பூங்காவுக்கு ஒரு களை வருவதே கழுத்து நீண்ட, பெரிய உடம்புக்கார, சுத்த சைவ டைனோசர்களை உள்ளே விட்ட பிறகுதான். மரத்து உச்சியில் ஒரு தலை மெதுவாக அசைந்தால் போதும், மொத்த இடமும் நிஜம் மாதிரி ஆகிவிடும்.

ஆனால் இந்த கேம்களில் ஒரு குறை உண்டு. 2003-ல் வந்த 'ஜுராசிக் பார்க்: ஆபரேஷன் ஜெனிசிஸ்'-இல் கழுத்து நீண்டவை ரெண்டே ரெண்டு: பிராக்கியோசாரஸ், கமராசாரஸ். ரெண்டுமே அமெரிக்க மண்ணில் கிடைத்தவை. 2018-ல் 'ஜுராசிக் வேர்ல்ட் எவல்யூஷன்' வந்தபோது டிப்ளோடோகஸ், அபடோசாரஸ், சீனாவின் மாமென்கிசாரஸ், அர்ஜென்டினாவின் ட்ரெட்னாட்டஸ் என்று பட்டியல் நீண்டது. அதிலும் கழுத்து நீண்டவற்றில் இந்தியாவைச் சேர்ந்தது ஒன்றுகூட இல்லை.

"இந்தியாவில் ஏதுப்பா டைனோசர்?" என்று கேட்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பட்டியல் அவர்களுக்குத்தான்.

அதற்கு முன்னால் கேமின் விதியை ஞாபகப்படுத்திக்கொள்வது நல்லது. குழுவை அனுப்பித் தோண்ட வேண்டும், கிடைத்த எலும்பிலிருந்து மரபணு எடுக்க வேண்டும், பாதியாவது சேர்ந்தால்தான் குட்டி பிறக்கும். அதாவது, எலும்பு இல்லை என்றால் டைனோசர் இல்லை. இந்த விதி கடைசியில் தேவைப்படும்.

சரி, புதுச்சேரியிலேயே தோண்டினால் என்ன?

தோண்டலாம், ஆனால் சிப்பிதான் கிடைக்கும். ஊருக்கு வடமேற்கே வழுதாவூர் பக்கம் உள்ள பாறைகள் டைனோசர் காலத்தவைதான். ஆனால் அன்றைக்கு அது கடல். அங்கே பொறுக்கிய சிப்பிகளையும் நத்தைகளையும் பற்றி எட்வர்ட் ஃபோர்ப்ஸ் என்பவர் 1846-லேயே எழுதிவிட்டார். கழுத்து நீண்ட டைனோசர் தரையில் நடந்த பிராணி, கடலடியில் அதைத் தேடுவது வீண்.

அடுத்த சந்தேகம் திருவக்கரை. பௌர்ணமிக்கு வக்ரகாளியம்மன் கோயிலுக்குப் போகிறவர்களுக்குப் பக்கத்திலேயே இருக்கும் கல்மரப் பூங்கா தெரிந்திருக்கும். மரமே கல்லாகிக் கிடக்கிறதே, டைனோசர் அந்த நிழலில்தானே நின்றிருக்கும்? இல்லை. அந்த மரங்களின் வயது சுமார் 2 கோடி ஆண்டு. பெரிய டைனோசர்கள் அழிந்தது 6 கோடியே 60 லட்சம் ஆண்டுக்கு முன்னால். இடையில் நாலரைக் கோடி ஆண்டு ஓடிவிட்டது. ஆனாலும் கல்மரத்தை மறந்துவிட வேண்டாம், அதற்கும் இந்தக் கதையில் ஒரு வேடம் உண்டு.

இப்போது பட்டியல்.

1. பாராபாசாரஸ் டாகோரி

'பாரா பா' என்றால் வங்காளத்தில் பெரிய கால். தோண்ட ஆரம்பித்தது ரவீந்திரநாத் தாகூரின் நூற்றாண்டுச் சமயத்தில் என்பதால் பெயரின் பின்பாதி அவருக்கு. கோதாவரிப் படுகையில் கிடைத்தது, வயது 18 கோடி ஆண்டுக்கு மேல். 1975-ல் பெயர் வைத்தார்கள். கண்டுபிடித்தது கொல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனம். புள்ளிவிவரம் படிக்கிற இடத்துக்கும் எலும்புக்கும் என்ன சம்பந்தம் என்றால், நிறுவனர் மகலனோபிஸ் அங்கே புவியியலுக்கும் ஒரு பிரிவு தொடங்கியிருந்தார், அவ்வளவுதான். இன்று அங்கே அருங்காட்சியகத்தில் முழு உருவமாக நிற்கிறது. ஒரே குறை, மண்டையோடு கிடைக்கவில்லை, சில பற்கள் மட்டும்தான். கேமில் முகம் வரைகிறவர் பாடு கஷ்டம்!

பூங்காவில் இதைக் கூட்டமாக விட வேண்டும். கிடைத்ததே ஒரே இடத்தில் பல உருப்படிகளின் எலும்புகள், முந்நூறு வாக்கில்.

2. ஐசிசாரஸ் கோல்பெர்ட்டி

மகாராஷ்டிரத்தின் டோங்கர்காவில் கிடைத்தது. அந்தப் புள்ளியியல் நிறுவனத்தின் ஆங்கில முதலெழுத்துகளான ஐ.எஸ்.ஐ. தான் இதன் பெயர். வகையில் நீள்கழுத்து, ஆனால் கழுத்து மற்றவற்றைவிடக் குட்டை. முன்னங்கால் நீளம், முதுகு வாலை நோக்கிச் சரியும். ஒரு மாதிரி கழுதைப்புலி நிற்கிற தினுசு. பக்கத்தில் நிற்கும் டிப்ளோடோகஸோடு யாரும் குழப்பிக்கொள்ள முடியாது.

இதற்கு என்ன தீனி போடுவது? டோங்கர்காவ் பக்கத்தில் பிஸ்துராவில் கல்லாகிப்போன டைனோசர் சாணம் கிடைத்திருக்கிறது. இந்தக் குடும்பத்து டைனோசர்கள் போட்டதாக இருக்கலாம் என்கிறார்கள். அதற்குள் மர இலைகளோடு புல்லின் துகள்களும் இருந்தன என்று 2005-ல் வெளியான ஆய்வு சொன்னது. அதுவரை டைனோசர் காலத்தில் புல்லே இல்லை என்றுதான் பாடப்புத்தகம். 2011-ல் இன்னொரு ஆய்வு, அந்தத் துகள்களில் நெல் குடும்பத்துப் புல்லும் உண்டு என்றது. பாகூர்ப் பக்கம் வயலில் நிற்கிற நெல்லின் தூரத்துச் சொந்தத்தை டைனோசர் மேய்ந்திருக்கிறது. தீனித் தொட்டியில் வைக்கோல் வைக்கலாம், தப்பில்லை :-)

3. தாரோசாரஸ் இண்டிகஸ்

பட்டியலில் புதுசு. ராஜஸ்தானின் ஜெய்சல்மர் பக்கம் கிடைத்த எலும்புகளை வைத்து ரூர்க்கி ஐ.ஐ.டி.யும் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையும் 2023-ல் பெயர் வைத்தன. தார் பாலைவனம்தான் 'தாரோ'. வயது 16 கோடியே 70 லட்சம் ஆண்டு. டிப்ளோடோகஸ் வகையறாவில் இதுவரை தெரிந்ததிலேயே பழையது இதுதான் என்கிறார்கள். அதாவது கேம்களில் நாயகனாகத் திரிகிற அமெரிக்க டிப்ளோடோகஸின் பெரிய தாத்தா வகையில் ஒருவர் இந்தியாவில் இருந்திருக்கிறார். தாத்தா இல்லாமல் பூங்கா திறக்கலாமா?

மூணு ஆச்சு. நாலாவதுதான் முக்கியமானது. அது தமிழ்நாட்டுக்காரர்.

4. ப்ருஹத்காயோசாரஸ் மாட்லெயி

அரியலூர் பக்கம் கல்லமேடு. புதுச்சேரிப் பாறை கடலடியில் படிந்தது என்றால், கல்லமேட்டுப் படிவம் ஆறு பாய்ந்த தரையில் படிந்தது. டைனோசர் கிடைக்க வாய்ப்பு உள்ள இடம். அங்கே புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த யாதகிரியும் அய்யாசாமியும் ராட்சச எலும்புகளைப் பார்த்தார்கள். இடுப்பெலும்பு, தொடையெலும்பின் ஒரு பகுதி, முன்கை எலும்பு, வால் முள்ளெலும்பு ஒன்று. எல்லாவற்றுக்கும் மேலாக முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பு மட்டும் 2 மீட்டர்! நிமிர்ந்து நிற்கிற ஆளைவிட உயரம். 'பெரிய உடல்' என்று அர்த்தம் வருகிற சம்ஸ்கிருதப் பெயர் வைத்து 1980-களின் கடைசியில் கட்டுரை வெளியிட்டார்கள். முதலில் இறைச்சி தின்கிற வகை என்று நினைத்தார்கள். 1990-களில் இல்லை, இது கழுத்து நீண்ட சைவம்தான் என்று திருத்தப்பட்டது.

எடை எவ்வளவு? 2023-ல் வந்த ஒரு கணக்கு 110 டன்னுக்குக் குறையாது என்கிறது. ஒரு யானை நாலு டன் என்று வைத்தாலும் 27 யானை. நீலத் திமிங்கிலத்தோடு போட்டி போடுகிற எடை, அதுவும் தரையில் நாலு காலில். இந்தக் கணக்கு சரி என்றால், உலகத்தில் நடந்த பிராணிகளிலேயே பெரியது அரியலூர்க்காரர்.

'சரி என்றால்' என்பதில்தான் பிரச்சினை. அந்த எலும்புகள் இப்போது இல்லை.

திருடு போகவில்லை, வெளிநாட்டுக்கும் போகவில்லை. மழை ஈரம் ஏறி இறங்கிய களிமண்ணில் கிடந்து இற்றுப்போன எலும்புகள் அவை. எடுத்துக் கட்டுப்போட்ட பிறகும் உதிர்ந்து தூளாகிவிட்டன. 2017-ல் வந்த ஒரு கட்டுரையில் இது பதிவாகியிருக்கிறது, கண்டெடுத்த அய்யாசாமியும் அதை எழுதியவர்களில் ஒருவர். மிஞ்சியது கோட்டோவியங்களும் சில படங்களும்தான். நடுவில் பல வருஷம் வெளிநாட்டில் சிலர், 'அது எலும்பே இல்லை, கல்மரத்துண்டாக இருக்கும்' என்றுகூடச் சொன்னார்கள். திருவக்கரை மாதிரி இடங்களைப் பார்த்தவர்களுக்கு அந்தச் சந்தேகம் அபத்தமாகப் படாது. 2022-ல் தோண்டிய இடத்தில் எடுத்த பழைய படங்கள் வெளியான பிறகுதான், எலும்புதான் என்ற பக்கம் வலுத்தது. ஆனால் அளந்து பார்க்க, வெட்டிப் பார்க்க இன்று கையில் ஒன்றும் கிடையாது.

கேம் விதிப்படி பார்த்தால் மரபணு பூஜ்யம் சதவீதம். குட்டி பிறக்காது.

பெரிய பெரிய சர்ச்சைகள் எல்லாம் ஒரே ஒரு எலும்பு கையில் இருந்தால் தீர்ந்துவிடும். அதற்கு உதாரணமும் இங்கேயே இருக்கிறது. 1828-ல் ஜபல்பூரில் ஸ்லீமன் என்ற ஆங்கிலேய அதிகாரி எடுத்த வால் எலும்புகளுக்கு 1877-ல் லைடெக்கர் 'டைட்டனோசாரஸ் இண்டிகஸ்' என்று பெயர் வைத்தார். அப்புறம் அவை காணாமல் போயின. போனது போனதுதான் என்று எல்லோரும் இருந்தபோது, 2012-ல் கொல்கத்தாவில் புவியியல் ஆய்வுத் துறையின் சேகரிப்பிலேயே அதில் ஒரு எலும்பு அகப்பட்டது. தேடினார்கள், இருந்தது. கல்லமேட்டு எலும்புக்கு அந்த வழியும் இல்லை, அலமாரியில் தேட அது தூள். இனி தேட வேண்டியது மண்ணில்தான்.

அதனால் பூங்காவில் நாலாவது மைதானத்தைக் காலியாகவே விடலாம். இருப்பதிலேயே பெரிய மைதானம், உயரமான வேலி, தண்ணீர்க் குட்டை, மரங்கள், எல்லாம் தயாராக. உள்ளே ஒன்றும் இல்லை. வாசலில் ஒரு பலகை: 'ப்ருஹத்காயோசாரஸ், கல்லமேடு, அரியலூர். எலும்பு கிடைத்ததும் திறக்கப்படும்.'

ஜோக் மாதிரி இருக்கலாம். ஆனால் ஒவ்வொரு மழைக்கும் அரியலூர் ஓடைக்கரைகள் கொஞ்சம் கொஞ்சமாக அரிகின்றன. உள்ளே இருப்பது வெளியே தெரியும், யாரும் பார்க்காவிட்டால் அடுத்த மழையில் கரையும். அந்தப் பக்கம் போகிறவர்கள் வாரணவாசியில் இருக்கிற புதைபடிவ அருங்காட்சியகத்துக்குள் ஒரு தடவை போய்விட்டு, எலும்புக்கும் கல்லுக்கும் வித்தியாசம் பார்த்துக்கொண்டு வருவது நல்லது. ஓடையில் விசித்திரமாக ஏதாவது தெரிந்தால் பிடுங்கி எடுத்துவிடாமல், படம் எடுத்து, இடம் குறித்து, அருங்காட்சியகத்துக்குச் சொன்னால் போதும்.

காலி மைதானத்துக்கு ஆள் வரலாம்.