சைக்கிளில் போய் ஏறிய மலையும் ஒரு செலவுக் கணக்கும்

1931-ம் வருடம் ஜூலை மாதம். ஜெர்மனியின் மியூனிக் நகரத்திலிருந்து ஃப்ரான்ட்ஸ் ஷ்மிட், டோனி ஷ்மிட் என்ற அண்ணன் தம்பி இருவரும் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். அண்ணனுக்கு 26 வயது. போக வேண்டிய இடம் சுவிட்சர்லாந்தின் ஜெர்மாட். ரயிலில் போனால் சொகுசாகப் போகலாம்தான், ஆனால் ரயிலுக்குக் காசு வேண்டுமே!

ஜெர்மாட்டில் அவர்கள் ஏறியது 4,478 மீட்டர் உயரமுள்ள மேட்டர்ஹார்ன் சிகரத்தின் வடக்குச் சுவர். அதுவரை யாராலும் ஏற முடியாத சுவர் அது. ஜூலை 31 அன்று தொடங்கி, ஒரு ராத்திரி பாறையிலேயே தொங்கியபடி கழித்து, ஆகஸ்ட் 1 பிற்பகல் உச்சிக்குப் போய்விட்டார்கள். அங்கே போனால் புயல். வேறு பக்கமாக இறங்கி, 4,003 மீட்டரில் இருக்கும் சோல்வே என்ற அவசரக் குடிலில் ஒதுங்கினார்கள். எல்லாம் முடிந்து ஊர் திரும்பியதும் அதே சைக்கிளில்தான். அடுத்த வருடம் இந்த ஏற்றத்துக்காக அவர்களுக்கு ஒலிம்பிக் தங்கப் பதக்கமே கொடுத்தார்கள்.

'குறைந்த செலவில் ஆல்ப்ஸ்' என்று யாராவது பேச்செடுத்தால் முதலில் இந்தச் சகோதரர்கள் கதைதான் வரும். கேட்பவர்கள் பெரும்பாலும் சைக்கிளைப் பிடித்துக்கொள்கிறார்கள். கவனிக்க வேண்டியது சைக்கிள் அல்ல. அந்தக் காலத்து மியூனிக் இளைஞர்கள் பலரிடம் காசு இல்லை, ஆனால் நேரம் கொட்டிக் கிடந்தது. ஜெர்மனியில் வேலையில்லாதவர்கள் எண்ணிக்கை 40 லட்சத்தை ஒட்டி இருந்த கோடைக்காலம் அது. வானிலை சரியில்லையா, அடிவாரத்தில் படுத்துக் கிடக்கலாம். நாளைக்கே ஆபீசில் வந்து நில் என்று சொல்ல யாரும் இல்லை.

இன்றைக்குக் கணக்குப் போடுகிறவரின் நிலைமை இதற்கு நேர் எதிர். காசும் குறைவு, நாளும் குறைவு. மலிவாகக் கிடைத்த விமான டிக்கெட்டில் திரும்பும் தேதி மாற்ற முடியாது. மலைக் குடிலில் படுக்கையை மாதக்கணக்கில் முன்பே பதிவு செய்தாகிவிட்டது. கடைசி நேரத்தில் ரத்து செய்தால் பணம் போச்சு. மேகம் கறுத்து வரும்போது "இவ்வளவு செலவழித்து வந்தோமே, இன்னிக்கு விட்டால் அவ்வளவுதான்" என்று மனசு சொல்லும். மனிதனை ஆபத்தில் தள்ளுவது அந்தச் சொல்தான். மலைக்கு டிக்கெட் தேதி எல்லாம் தெரியாது.

ஆகவே முதல் கேள்வி எந்த மலை என்பது. இதில்தான் பாதிச் செலவு தீர்மானமாகிறது. மேட்டர்ஹார்ன் என்றால் சாதாரண வழிக்கே ஆளுக்கு ஒரு வழிகாட்டி என்பது வழக்கம், அந்த ஒருவர் கூலியே ஆயிரம் பிராங்கைத் தாண்டும். பக்கத்திலேயே 4,164 மீட்டர் பிரைட்ஹார்ன் இருக்கிறது. மிகச் சுலபம் என்பார்கள். ஆனால் சுலபமாக்கியது 3,883 மீட்டர் வரை கொண்டுபோய் விடும் கேபிள் கார். அதில் போய்வர டிக்கெட் நூறு பிராங்க் அளவில் ஆகிவிடும்.

மோன் பிளாங்க்? பேருக்காகவே எல்லோரும் அங்கே போகிறார்கள், அதுதான் வம்பு. குடில் பதிவு இல்லாமல் அந்த வழியில் ஏறவே விடமாட்டார்கள். வழியில் கண்ட இடத்தில் கூடாரம் போடவும் தடை. போதாக்குறைக்கு, பிரெஞ்சுப் பக்கத்து கூத்தே வழியில் ஒரு பள்ளத்தைக் குறுக்கே கடக்க வேண்டும், மேலிருந்து கல் உருண்டு வரும் இடம். 2022 கோடையில் வெயில் கொளுத்தி, பாறைகளைப் பிடித்து வைத்திருந்த பனி இளகி, கற்கள் ஓயாமல் விழுந்தன. வழிகாட்டிகளே தொழிலை நிறுத்தி வைத்தார்கள். அப்படியும் ஆட்கள் ஏறுவதைப் பார்த்துப் பொறுக்காமல், அடிவார ஊரான சேன் ஜெர்வேயின் மேயர் ஏறுகிறவர்கள் 15,000 யூரோ டெபாசிட் கட்ட வேண்டும் என்று அறிவித்தார். மீட்புச் செலவுக்கு 10,000, சவ அடக்கத்துக்கு 5,000! மலையின் இத்தாலியப் பக்கத்து மேயர் அதை ஏற்கவில்லை. ஆனால் செலவுக் கணக்கில் இப்படி ஒரு வரியும் உண்டு என்று அந்த மனிதர் நினைவுபடுத்தினாரே, அதைச் சொல்ல வேண்டும்.

காசு குறைவான, ஓரளவு பழகிய ஒருவருக்குப் பொருத்தமான மலை இத்தாலியின் கிரான் பாரடிசோ. 4,061 மீட்டர். கேபிள் கார் கிடையாது, அதனால் அதற்குச் செலவும் கிடையாது. தூரின் நகரிலிருந்து ஆவோஸ்தாவுக்கு வந்து, அங்கிருந்து கோடைக்கால பஸ்ஸில் வால்சவராஞ்ச் பள்ளத்தாக்கின் கடைசி ஊரான போன்ட்டில் இறங்கலாம். அது சுமார் 1,960 மீட்டர். தேசியப் பூங்கா என்பதால் நினைத்த இடத்தில் கூடாரம் அடிக்க முடியாது, ஆனால் போன்ட்டிலேயே கூடாரத் திடல் இருக்கிறது. மேலே இரண்டரை மணி நேர நடையில் விட்டோரியோ இமானுவேலே குடில். அலுமினியப் பீப்பாயைக் குப்புறப் படுக்க வைத்தது மாதிரி ஒரு கட்டடம். அங்கே தங்கி விடிவதற்கு முன்பே கிளம்ப வேண்டும். பகல் ஏற ஏற பனியாற்றுப் பிளவுகளை மூடியிருக்கும் பனி இளகிவிடும், கால் வைத்தால் உள்ளே போகும். உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு குறுகலான பாறை வரும். அங்கே மாதா சிலையைத் தொட நினைக்கும் கூட்டம் வரிசையில் நிற்கும்.

சிக்கனம் எங்கே பிடிக்கலாம்? தாராளமாகச் சாப்பாட்டில் பிடிக்கலாம். பள்ளத்தாக்கு சூப்பர் மார்க்கெட்டில் வாங்கிய ரொட்டியும் சீஸும் குடிலில் விற்கும் பண்டங்களைவிடப் பல மடங்கு மலிவு. குடிலுக்குப் பெரும்பாலும் ஹெலிகாப்டரில்தான் சரக்கு வருகிறது, பாட்டில் தண்ணீருக்குக்கூட அந்தக் கணக்கில்தான் விலை. கிராம்பான், பனிக் கோடரி, ஹெல்மெட் எல்லாம் வாடகைக்கு எடுக்கலாம். பூட்ஸை மட்டும் சொந்தமாக வாங்கி, ஊரிலேயே நடந்து பழக்கிவிட வேண்டும். கொப்புளம் போட்ட காலுடன் எந்தச் சிகரமும் இல்லை. ஆஸ்திரிய ஆல்பைன் சங்கம் என்று 1862-ல் தொடங்கிய ஒரு சங்கம் இருக்கிறது. எந்த நாட்டுக்காரரும் சேரலாம். வருடச் சந்தாவில் குடில் வாடகைக்குத் தள்ளுபடியும் மீட்புச் செலவுக் காப்பீடும் சேர்ந்தே வருகின்றன. சாதாரணப் பயணக் காப்பீடு பெரும்பாலும் மலையேற்றத்தைக் கணக்கில் எடுக்காது. பிரான்சில் மீட்பு அரசின் செலவு, ஆனால் சுவிட்சர்லாந்தில் ஹெலிகாப்டர் வந்துவிட்டுப் போனால் பில்லும் வரும்.

கயிறு பிடிக்கத் தெரிந்த கூட்டாளி விஷயத்தில் சிக்கனம் கூடாது. தெரிந்தவர் இல்லை என்றால் வழிகாட்டிக்குக் கொடுத்துத்தான் ஆக வேண்டும். நான்கைந்து பேர் சேர்ந்து பங்கு போட்டுக்கொள்ள முடிகிற மலை கிரான் பாரடிசோ, அந்த வகையிலும் நல்லது.

ஓய்விலும் கூடாது. ஹெர்மன் பூல் என்ற ஆஸ்திரியர் 1952-ல் இந்தத் தப்பைச் செய்தார். கையில் காசில்லாததால் லான்டெக் ஊரிலிருந்து சுமார் 150 கிலோமீட்டர் சைக்கிள் மிதித்துப் போய், பீட்ஸ் பாடிலே மலையின் வடகிழக்குச் சுவரில் தன்னந்தனியாக நாலரை மணி நேரத்தில் ஏறினார். உடனே சைக்கிளில் வீடு திரும்பும்போது தூங்கிப்போய் இன் ஆற்றுக்குள் விழுந்தார். பிழைத்துக்கொண்டார், அடுத்த வருடம் நங்க பர்பத் சிகரத்தில் முதல் மனிதராகக் கால் வைத்தவரும் அவர்தான். ஆறு எல்லோரையும் அப்படித் திருப்பித் தராது.

எனவே பத்து நாள் என்று வைத்துக்கொண்டால் கணக்கு இப்படிப் போகும். வந்து சேர ஒரு நாள். பள்ளத்தாக்கில் சும்மா நடந்து உயரத்துக்கு உடம்பைப் பழக்க இரண்டு நாள். நான்காம் நாள் குடிலுக்கு. ஐந்தாம் நாளும் குடிலிலேயே, சுற்றுவட்டாரத்தில் கொஞ்சம் ஏறி இறங்கிக்கொண்டு. கடல் மட்டத்திலிருந்து வந்தவர் நேராக நாலாயிரம் மீட்டருக்கு ஓடினால் தலைவலியும் வாந்தியும்தான் மிச்சம். ஆறாம் நாள் உச்சி. பத்தாம் நாள் விமானம். நடுவில் இருக்கும் ஏழு, எட்டு, ஒன்பது மூன்றையும் காலியாகவே விட வேண்டும், அதற்கான சாப்பாட்டுக் காசையும் முதலிலேயே எடுத்து வைத்துவிட வேண்டும். ஆறாம் நாள் மழை பெய்தால், கூடாரத்தில் நூடுல்ஸ் கொதிக்க வைத்துக்கொண்டு, எதிர்ச் சரிவில் மேயும் ஐபெக்ஸ் ஆடுகளை எண்ணிக்கொண்டிருக்கலாம்.