தட்டாமாலை சுற்றிய பீஷ்மர்

ஞாயிற்றுக்கிழமை மதியம் 12 மணி. கூத்தாநல்லூர் தெருக்களில் அந்த நேரத்தில் ஒரு பொடியனைக் கண்ணில் பார்க்க முடியாது. கடைக்குப் போய் தயிர் வாங்கிட்டு வாடா என்று எந்த அம்மா கத்தினாலும் பிரயோஜனமில்லை. எல்லோரும் டிவி முன்னால். காரணம், சக்திமான்.

இந்தியாவில் அறிவியல் தொடர் என்று எடுத்துக்கொண்டால் வேறு சிலவும் உண்டு. சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' தூர்தர்ஷனில் தொடராக வந்தது. 1998ல் மிலிந்த் சோமன் விண்வெளி வீரராக வந்த 'கேப்டன் வ்யோம்' இருந்தது. ஆனால் ஏழரை வருஷம் ஓடியது சக்திமான்தான். 1997 செப்டம்பர் 13, சனிக்கிழமை ஆரம்பம். 2005 மார்ச் 27, ஞாயிற்றுக்கிழமை முடிவு. இது அறிவியலா, ஆன்மீகமா என்று யாராவது சண்டைக்கு வரலாம். பஞ்சபூதம், குண்டலினி, ஏழு சக்கரம் எல்லாம் ஒரு பக்கம். ஆய்வுக்கூடத்தில் விதவிதமாக அரக்கர்களைத் தயாரிக்கும் விஞ்ஞானி ஜைகால் இன்னொரு பக்கம். சாம்பாரில் பாயசத்தை ஊற்றியது போலத்தான். பசங்களுக்கு அதைப் பற்றி என்ன கவலை?

பெரிய கவலை வேறே. மொழி.

கூத்தாநல்லூர் என்றதும் முஸ்லிம்கள் நிறைய இருக்கும் ஊர், உருது பேசுவார்கள், இந்தி புரிந்திருக்கும் என்று வெளியூர்க்காரர்கள் நினைத்துக்கொள்வது உண்டு. தப்பு. அங்கே வீட்டிலும் கடைத்தெருவிலும் பேச்சு தமிழ்தான். 'சின்ன சிங்கப்பூர்' என்று அந்த ஊருக்கு ஒரு செல்லப்பெயர். அந்தக் காலத்தில் சிங்கப்பூர், மலேசியா, பிற்பாடு வளைகுடா என்று ஆம்பிளைகள் பாதிப் பேர் வெளிநாட்டில். அதனால் ஞாயிறு மதியம் இந்தி புரிகிற ஆள் யார் என்று பார்த்தால், சவூதியிலோ துபாயிலோ வடக்கத்திக்காரர்களோடு ஒரே ரூமில் கிடந்து பாஷை கற்றுக்கொண்டு, இரண்டு மாத லீவில் வந்திருக்கும் சாச்சா ஒருத்தர்தான்.

"அவன் என்ன சொல்றான் சாச்சா?"

"இருட்டுதான் நிலைச்சு நிக்கணும்ங்கிறான்."

"ஏன்?"

"அவன் வில்லன்டா. பேசாம பாரு."

சாச்சாவின் லீவு முடிந்து விமானம் ஏறிவிட்டால் மொழிபெயர்ப்பும் போச்சு. அப்புறம் கதையைப் பசங்களே ஜோடித்துக்கொள்ள வேண்டியதுதான். திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் ஒரே எபிசோடுக்கு நாலு கதை உலவும். நாலும் ஒரிஜினலைவிட நன்றாக இருந்திருக்கவும் கூடும் :-)

சரி, நடிகர்களுக்கு வருவோம். சக்திமானாக வந்தவர் முகேஷ் கன்னா. புனே திரைப்படக் கல்லூரியில் படித்தவர். பி.ஆர்.சோப்ராவின் மகாபாரதத்தில் (1988-90) பீஷ்மராக வந்து ஊரே கையெடுத்துக் கும்பிட்ட ஆள். அந்த மரியாதையால்தானோ என்னவோ, தன் தயாரிப்பு நிறுவனத்துக்கே 'பீஷ்ம் இன்டர்நேஷனல்' என்று பெயர் வைத்தார். நிஜ வாழ்க்கையிலும் கல்யாணம் செய்துகொள்ளாதவர். சக்திமான் தொடங்கியபோது நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். அந்த வயதில் சிவப்பும் தங்கமுமாக ஒட்டிப் பிடிக்கும் உடுப்பை மாட்டிக்கொண்டு பம்பரமாகச் சுற்ற ஒரு தனி தைரியம் வேண்டும்.

இருட்டின் அதிபதி தம்ராஜ் கில்விஷாக வந்தவர் சுரேந்திர பால். முகமூடியைக் கழற்றிப் பார்த்தால் அதே மகாபாரதத்தின் துரோணர்! குருக்ஷேத்திரத்தில் ஒரே பக்கம் நின்ற பீஷ்மரும் துரோணரும் பத்து வருஷம் கழித்து எதிரெதிரே நின்று மோதிக்கொண்டார்கள். இதைக் கவனிக்காமல் பார்த்தவர்கள்தான் அதிகம்.

நிருபர் கீதா விஸ்வாஸ் வேஷத்தில் முதலில் கிட்டு கித்வானி, பிறகு வைஷ்ணவி மஹந்த். ஆள் மாறியபோது பெரிய கலவரம் எதுவும் நடக்கவில்லை. 'பவர்' என்று அலறும் ஜைகால், லலித் பரிமூ. மகாகுருவாக டாம் ஆல்டர். முசௌரியில் பிறந்த இவரது பெற்றோர் அமெரிக்க மிஷனரிகள். சுத்தமான இந்தியும் உருதும் பேசுவார், வெள்ளைக்காரர் என்பதால் சினிமாவில் பெரும்பாலும் ஆங்கிலேய துரை வேஷமே கிடைத்தது. இந்தத் தொடரில்தான் குரு ஆனார். 2017ல் காலமானார்.

கங்காதரை விட்டுவிட்டால் பாவம். எண்ணெய் வழியப் படிய வாரிய தலை, சோடாபுட்டிக் கண்ணாடி, எத்துப்பல், பத்திரிகை போட்டோகிராபர் வேலை. சூப்பர்மேனின் கிளார்க் கென்ட் மாதிரிதான், ஆனால் முழுப்பெயர் பண்டிட் கங்காதர் வித்யாதர் மாயாதர் ஓம்கார்நாத் சாஸ்திரி. இந்தி ஒரு வார்த்தை தெரியாத பசங்களும் இதை மட்டும் மூச்சு விடாமல் ஒப்பிப்பார்கள். பெருக்கல் வாய்ப்பாடு வராது, இது வரும்.

சக்திமான் பறக்கும் முன்னால் நின்ற இடத்தில் சுழல்வார் இல்லையா? தமிழ்ப் பிள்ளைகளுக்கு அது தட்டாமாலை. காலங்காலமாகச் சுற்றிய விளையாட்டுதான். ஒரே வித்தியாசம், இப்போது சுற்றி முடித்ததும் பறக்க வேண்டும். கொல்லையில் சுற்றித் தலை கிறுகிறுத்து விழுந்தவரைக்கும் பரவாயில்லை. சில பேர் மாடிக்குப் போனார்கள்.

இந்த விஷயம் சிரிப்பில்லை. மாடியிலிருந்து குதித்த, உடம்பில் நெருப்பு வைத்துக்கொண்ட குழந்தைகளைப் பற்றி வட இந்தியாவிலிருந்து அப்போது செய்திகள் வந்தன. சக்திமான் வந்து காப்பாற்றுவார் என்று நம்பினார்களாம். அந்தச் செய்திகள் உண்மையில்லை என்று முகேஷ் கன்னா தொடர்ந்து மறுத்து வந்திருக்கிறார். ஆனாலும் உடுப்போடு கேமரா முன்னால் நின்று, இதைப்போல் செய்யாதீர்கள் என்று பிள்ளைகளிடம் நேரடியாகச் சொல்ல வேண்டி வந்தது. எபிசோடு முடிவில் 'சாரி சக்திமான்' என்று தப்பு செய்த குழந்தை மன்னிப்பு கேட்கும் பகுதியும் சேர்ந்தது. பல் தேய், பொய் சொல்லாதே வகை. அந்த எச்சரிக்கை இந்தியில். கூத்தாநல்லூரில் அது எத்தனை பேருக்குப் புரிந்திருக்கும்? பல வீடுகளில் மாடிக் கதவுக்குப் பூட்டு வந்தது, அவ்வளவுதான். அத்தா வெளிநாட்டில் இருக்கும் வீட்டில் அந்தச் சாவியும் அம்மா முந்தானையில் ஏறியது.

அப்புறம் ஏன் நின்றது? கதை முடிந்து நிற்கவில்லை, கணக்கு கட்டுப்படியாகாமல் நின்றது. அந்த நாளில் தயாரிப்பாளர் தூர்தர்ஷனுக்குக் கட்டணம் கட்டி நேரம் வாங்க வேண்டும், பிறகு விளம்பரம் பிடித்துக் காசை எடுக்க வேண்டும். பார்லே-ஜி பிஸ்கெட்டும் சக்திமானும் சேர்ந்தே ஞாபகம் வருவது அதனால்தான். முதலில் சனிக்கிழமையும் செவ்வாய்க்கிழமையுமாக வந்தபோது நாலு லட்சத்துக்கும் கீழே இருந்த கட்டணம், ஞாயிறு மதியத்துக்கு மாறிய பிறகு ஏறி ஏறிப் பத்து லட்சத்தைத் தாண்டியது என்று கன்னா பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். கில்விஷால் முடியாததைக் கட்டண ரசீது செய்துவிட்டது.

இங்கே ஒரு சுவாரஸ்யம். சக்திமான் முடிந்ததற்கு முதல் நாள், 2005 மார்ச் 26 அன்று, பிரிட்டனில் 'டாக்டர் ஹூ' மறுபடி தொடங்கியது. 1963ல் பிறந்து 1989ல் நின்றுபோயிருந்த தொடர். அதன் முதல் கதையை இயக்கியவர் லக்னோவில் பிறந்த வாரிஸ் உசேன் என்பது பலருக்குத் தெரியாது. முதல் நாயகர் வில்லியம் ஹார்ட்னெல்லுக்கு 1966ல் உடம்பு முடியாமல் போனபோது எழுத்தாளர்கள் ஒரு தந்திரம் செய்தார்கள்: டாக்டர் சாகும் நிலையில் உடம்பை மாற்றிக்கொள்வார். பாட்ரிக் ட்ரௌட்டன் வந்தார். பிறகு டாம் பேக்கர் ஏழு வருஷம். 2018 தொடரில் ஜோடி விட்டேக்கர் என்ற பெண்ணே டாக்டர் ஆனார். கூடு விட்டுக் கூடு பாய்வது நம்ம ஊர் சரக்கு, லாபம் பார்த்தது அவர்கள்.

சக்திமானுக்கு அந்த வசதி இல்லை. உடுப்புக்குள் ஒரே ஆள். 2011ல் கார்ட்டூனாக வந்தது, 2020 ஊரடங்கில் பழைய எபிசோடுகளையே தூர்தர்ஷன் மறுபடி போட்டது. 2022ல் சோனி பிக்சர்ஸ் சினிமா எடுப்பதாக அறிவித்தது. ரன்வீர் சிங் நடிக்கப்போகிறார் என்ற பேச்சு கிளம்பியதும் கன்னா 2024ல் பகிரங்கமாகவே எதிர்த்தார். அதே வருஷம் நவம்பரில், 66 வயதில், பழைய சிவப்பு உடுப்பை மாட்டிக்கொண்டு ஒரு டீசரில் தானே வந்து நின்றார். வயதைச் சொல்லிக் கிண்டல் செய்தவர்கள் ஏராளம். மகாபாரதத்தில் அம்புப் படுக்கையில் கிடந்தபடி நாள் பார்த்துக் காத்திருந்தவர்தானே, கிண்டலுக்கெல்லாம் அசைவாரா?

அந்த டீசரில் அவர் இந்தியில் பாட்டுப் பாடிக்கொண்டே சுற்றுகிறார். அன்றைக்கு மாடிக் கதவு பூட்டப்பட்ட பசங்கள் சிலர் அதைத் துபாயில் ஷேரிங் ரூமில் உட்கார்ந்து போனில் பார்த்தார்கள். இந்த முறை யாரும் அர்த்தம் சொல்லத் தேவைப்படவில்லை.